கீழே இருக்கும் மாடி

எங்கள் வீட்டுக்கு மாடி கீழே இருக்கிறது. மலையகத்துப் பொகவந்தலாவையில் இது அதிசயமில்லை. ரோட்டுக்கு ஒரு பக்கம் மேடு, மறுபக்கம் பள்ளம். ரோட்டு மட்டத்தில் வாசலை வைத்தால் மிச்ச வீடு தன்பாட்டுக்குக் கீழே இறங்கிவிடும். வாசலில் நிற்பவருக்கு அது ஒற்றை அறை வீடு. பின்னால் தேயிலை மலையில் நின்று பார்த்தால் இரண்டு தட்டு மாளிகை. கடன் கேட்டு வருகிறவர்கள் எல்லாரும் ஏனோ பின்பக்கமாகவே வருகிறார்கள்.

பால் காய்ச்சிய அன்று கொழும்பிலிருந்து மாமா வந்தார். புறக்கோட்டைக் கடையொன்றில் வேலை. சிரிக்கும் புத்தர், மூன்று கால் தவளை, கண்ணாடி ஜாடியில் மூங்கில் எல்லாம் விற்கிற கடை. விற்று விற்று நம்பிக்கையும் வந்துவிட்டது. செருப்பைக் கழற்றும்போதே முகம் மாறியது.

"என்னா மாப்ள, வாசலுக்கு நேரா படிய எறக்கி வச்சிருக்கீங்க?"

வேறெங்கே இறக்குவது? இடது பக்கம் உடைக்க முடியாத பாறை. வலது பக்கம் அடுத்த வீட்டுக்காரரின் எல்லை, அது பாறையைவிடக் கெட்டி. மாமா அதைக் காதில் வாங்கவில்லை.

"ஃபெங் சுயில இது பெரிய குத்தம். சீ உள்ள வரும், வந்த கையோட படில எறங்கிப் போயிரும். சீ வீட்ல தங்கணும் மாப்ள."

அடுப்படியிலிருந்து அம்மா குரல் வந்தது. "வீடு குடிபோற நாள்ல என்னா தம்பி, சீ, சீன்னுகிட்டு!"

அது சீனர்கள் சொல்லும் உயிர்க்காற்று என்று மாமா விளக்கினார். அதனோடு சேர்ந்துதான் பணமும் வருமாம். நேர் எதிரே படியிருந்தால் உருண்டு கீழே போய்விடுமாம். எங்கள் வீட்டில் கீழே இருப்பது சமையலறை. என் சம்பளம் எங்கே போகிறது என்பதை அதுவரை யாரும் இவ்வளவு சரியாகச் சொன்னதில்லை.

சீன சாஸ்திரத்தோடு விட்டாரா என்றால் இல்லை. வாஸ்துவும் கைபேசியில் இருந்தது. நிலம் ஈசானியப் பக்கம் சரிந்திருந்தால் யோகம். எங்கள் நிலம் அப்படித்தான் சரிகிறது. மாமா என் கையைப் பிடித்துக் குலுக்கினார். அடுத்த வீடியோவில், படி தெற்கிலோ மேற்கிலோ இருக்க வேண்டும், ஈசானியத்தில் படி வைத்தால் குடும்பத்துக்கு ஆகாது என்றார்கள். குலுக்கிய கையை மெல்ல விட்டார். மலைச்சரிவில் நிலம் எந்தப் பக்கம் இறங்குகிறதோ அந்தப் பக்கம்தானே படியும் இறங்கும்?

எங்கள் தாத்தாவுக்கு இந்தக் கவலையெல்லாம் கிடையாது. வாசல் எந்தத் திசையில் வேண்டும் என்று அவரை யாரும் கேட்கவில்லை. தோட்டத்து லயத்தில் இருபது வாசல் என்றால் இருபதும் ஒரே திசை. பத்தடிக்குப் பன்னிரண்டடியில் ஒரு காம்பரா, முன்னால் ஒரு இஸ்தோப்பு. எங்கள் வீட்டுப் பஞ்சாங்கத்தில் உள்ள மனையடி சாஸ்திரத்தில் பன்னிரண்டடிக்குச் 'செல்வம் அழியும்' என்று போட்டிருக்கிறது. அழிவதற்கு ஏதாவது இருந்திருந்தால் தாத்தா கவலைப்பட்டிருப்பார். மாடி என்ற பேச்சுக்கே இடமில்லை. நான் பார்த்தவரைக்கும் தோட்டத்தில் மேல்மாடி கண்டது கொழுந்து மட்டும்தான்: தேயிலை ஸ்டோரின் மேல்தட்டுகளில் காற்றோட்டமாகப் படுத்து வாடும். பறித்தவர்கள் கீழே லயத்தில் காற்றில்லாமல் வாடினார்கள்.

இப்போது தோட்டத்து ஆட்களுக்கு 7 பேர்ச் காணியும் 550 சதுர அடி வீடும் வந்திருக்கின்றன. 2017 மே மாதம் நோர்வூட் கூட்டத்தில் இந்தியப் பிரதமர் மோடி இன்னும் 10,000 வீடு என்று அறிவித்தபோது நானும் கூட்டத்தில் நின்று கைதட்டினேன். வீடு கிடைத்தவர்கள் முதலில் வாங்குவது கதவுக்குப் பூட்டு, அடுத்தது திசைகாட்டி. கேலியாகச் சொல்லவில்லை. ஈசானிய மூலை கெட்டுப்போயிருக்கிறது என்று புலம்பவாவது சொந்தமாக ஒரு மூலை வேண்டாமா?

மாமாவிடம் வருகிறேன். அடுத்து அவர் படிகளை எண்ண ஆரம்பித்தார். வலது காலை வைத்து, "லாபம், நட்டம், லாபம், நட்டம்..." கடைசிப் படி 'லாபம்' என்று முடிய வேண்டும். பதினாறாவதில் 'நட்டம்' என்று நின்றார். பெற்ற பிள்ளை பரீட்சையில் கோட்டைவிட்டதுபோல என்னைப் பார்த்தார்.

மேசன் பாஸைக் கூப்பிட்டோம். சாப்பிட்ட கையோடு வந்தார். "ஒம்பதரை அடி ஒசரங்க. நூத்திப் பதினாலு அங்குலம். படி ஏழு அங்குலம் சொச்சம், பதினாறு படி. பதினேழாக்கணும்னா இன்னும் பத்து அங்குலம் முன்னுக்கு நீட்டணும். நீட்டுனா அடுப்புல காலு வைக்கணும்."

மாமா அசையவில்லை. பாஸ் தலையைச் சொறிந்தார். "மேல நிக்கிறீங்களே, அந்தத் தரையையும் ஒண்ணுன்னு எண்ணுங்க. பதினேழு ஆயிருச்சா?" எனக்கு அது நியாயமாகப் பட்டது, வங்கிகளும் இப்படித்தான் கணக்குக் காட்டுகின்றன. மாமாவுக்குப் படவில்லை. கடைசியில் படியின் அடியில், தரையோடு தரையாக, இரண்டு அங்குல உயரத்தில் கொங்கிரீட் பட்டை ஒன்று போட்டு அதைப் பதினேழாவது படி என்று ஊரறிய அறிவித்தோம்.

படிக்கட்டில் இறங்கும்போது யாரும் கண்ணால் பார்த்து இறங்குவதில்லை. முதல் இரண்டு மூன்று படியில் கால் உயரத்தைப் படித்துக்கொள்ளும், மிச்சத்தைப் பாடமாக ஒப்பிக்கும். அதனால்தான் எல்லாப் படியும் ஒரே உயரம் இருக்க வேண்டும் என்று கட்டட வேலைக்காரர்கள் அடித்துச் சொல்கிறார்கள். பதினேழாவது படியில் பாடம் தப்பி முதலில் விழுந்தவர் மாமா. கையில் பொங்கல் தட்டு இருந்தது. அவருக்குக் கணுக்காலில் வீக்கம். பொங்கல் அடுத்த வீட்டுக் கோழிக்கு லாபம்.

காலுக்குத் தைலம் தேய்த்துக்கொண்டே பரிகாரம் சொன்னார். வாசலுக்கும் படிக்கும் நடுவில் காற்றில் ஆடும் மணிக்கொத்து கட்ட வேண்டும். பையிலேயே ஒன்று வைத்திருந்தார். கட்டினோம். இதைக் கண்டுபிடித்தவர் தென்மேற்குப் பருவக்காற்று வீசும் ஊரில் ஓர் இரவுகூடத் தூங்கியிருக்க மாட்டார். மே கடைசியில் காற்று ஆரம்பித்தது. மூன்று இரவு மணி அடங்கவேயில்லை. நாலாம் நாள் விடியுமுன் அப்பா எழுந்து படங்கை எடுத்து இடுப்பில் கட்டிக்கொண்டு, வேலைக்குப் பெயர் கொடுக்கும் பெரட்டுக்கு நேரமாகிவிட்டது என்று வாசலைத் திறந்தார். அவர் ஓய்வு பெற்றுப் பதினோரு வருஷம். மணியைக் கழற்றிப் படிக்கு அடியில் மிலாறு விறகுக் கட்டுக்குள் சொருகினேன். படிக்கு அடியில் சாமான் அடைக்கக் கூடாது என்பதும் சாஸ்திரம்தான். காயாத மிலாறை வேறெங்கே வைப்பதென்று அதில் இல்லை.

ஃபெங் என்றால் காற்று, சுயி என்றால் தண்ணீர். இந்தச் சாஸ்திரத்தின் பழைய நூல் ஒன்றே கல்லறைக்கு இடம் பார்ப்பதைப் பற்றியதாம். பின்னால் மலை, முன்னால் தண்ணீர் இருந்தால் உத்தமம். அப்படிப் பார்த்தால் 1879-இல் இறந்து எங்கள் ஊர் சென் மேரிஸ் தேவாலயத்தில் அடக்கமான புகைப்படக்காரர் ஜூலியா மார்கரெட் கமரனுக்கு நல்ல மனை வாய்த்திருக்கிறது. சுற்றிலும் மலை, பள்ளத்தாக்கில் கெஹெல்கமு ஓயா. எங்கள் லயங்களுக்கும் இதே மலை, இதே ஆறுதான். சீனச் சக்கரவர்த்தி குடியிருக்க வேண்டிய இடம். ஆனால் பின்னால் இருக்கும் மலை பின்னாலேயே இருக்குமா என்று தேசிய கட்டிட ஆராய்ச்சி நிறுவனத்தைத்தான் கேட்க வேண்டும். மழைக்காலத்தில் அவர்கள் விடும் மண்சரிவு எச்சரிக்கையை எங்கள் ஊர் பஞ்சாங்கத்தைவிடப் பயபக்தியோடு கேட்கிறது.

ஜூனில் ஒரு ராத்திரி காற்றும் தண்ணீரும் சேர்ந்தே வந்தன. ரோட்டுக் கான் அடைத்துக்கொண்டு, செம்மண் தண்ணீர் நேரே எங்கள் வாசலுக்குள் திரும்பியது. முன்னறையில் நெல் மூட்டை, பிள்ளைகளின் புத்தகம், புது செட்டி. அள்ளக்கூட நேரமில்லை. ஆனால் தண்ணீர் எதையும் தொடவில்லை. வாசலிலிருந்து நேர்கோடாகப் படிக்குப் போய், ஒவ்வொரு படியாக இறங்கி, அம்மா திறந்துவிட்ட பின்கதவு வழியாகத் தேயிலைச் சரிவுக்குள் போய்விட்டது. மாமா சொன்ன 'சீ' போகும் அதே வழி.

கைபேசி அடித்தது. மாமாதான். "மழைன்னு செய்தில சொல்றானுங்க. படி எப்படி மாப்ள இருக்கு?"

விளக்குமாற்றோடு அம்மா கீழே நின்று, தண்ணீர் இறங்க இறங்க எண்ணிக்கொண்டிருந்தார். "லாபம், நட்டம், லாபம்..." பதினேழாவது படியில் என்ன சொன்னார் என்பது தகரத்து மழைச் சத்தத்தில் எனக்குக் கேட்கவில்லை.