ராட்டினம் சுற்றப் போனவன்

வத்தலக்குண்டைத் தாண்டியதும் அம்மா என் கையில் எலுமிச்சம்பழத்தைத் திணித்துவிடுவார். முதல் கொண்டை ஊசி வளைவு வருவதற்குள் பழம் கசங்கிப் போயிருக்கும். மூன்றாவது வளைவில் என் தலை ஜன்னலுக்கு வெளியே. கொடைக்கானல் போகும் வழி எப்படி இருக்கும் என்று யாராவது கேட்டால், பஸ்ஸின் பின்சக்கரத்தைப் பற்றித்தான் என்னால் விரிவாகச் சொல்ல முடியும்.

இந்த உடம்பை வைத்துக்கொண்டு, ரோலர் கோஸ்டர் செய்கிற இன்ஜினியராக வேண்டும் என்று ஆசைப்பட்டேன். ஆசைப்பட்டதோடு நிற்காமல் அதற்காகப் படித்து, அந்த வேலைக்கும் போனேன். எங்கெங்கே எப்படியெல்லாம் சொதப்பினேன் என்பதை என் மகள் வெளியாட்களிடம் விசாரித்துத் தெரிந்துகொள்வதற்குள் நானே சொல்லிவிடுவது உத்தமம்.

எல்லாம் மதுரை தமுக்கம் மைதானத்துச் சித்திரைப் பொருட்காட்சியில் ஆரம்பித்தது. அப்போது எனக்கு ஒன்பது வயது. கொலம்பஸ் கப்பலில் ஏறினேன். நாலாவது ஆட்டத்தில், என் வயிற்றில் இருந்த டெல்லி அப்பளமும் மிளகாய் பஜ்ஜியும் முன் வரிசைக்கு இடம் மாறின. அந்தக் குடும்பத்திடம் இன்னும் மன்னிப்புக் கேட்கவில்லை. இறங்கி, தலைசுற்றித் தரையில் உட்கார்ந்தபோதுதான் அதைப் பார்த்தேன். கப்பலுக்கு அடியில் ஒரு மோட்டார், அதில் சாதாரண ரப்பர் டயர். கப்பல் தாழ்ந்து வரும்போதெல்லாம் அந்த டயர் அதன் அடிவயிற்றில் உரசி ஒரு தள்ளு தள்ளும். நிறுத்த வேண்டுமென்றால் அதே டயர் உரசிப் பிடிக்கும். மேலே இருந்தவர்கள் குலதெய்வங்களைப் பெயர் சொல்லிக் கூப்பிட்டுக்கொண்டிருக்க, கீழே ஒருவர் பீடியைக் கடித்தபடி லீவரைத் தள்ளி இழுத்துக்கொண்டிருந்தார். அவர் முகத்தில் ஒரு சலனமும் இல்லை. நான் கீழே நிற்க வேண்டிய ஆள் என்று அன்றைக்கே எனக்குத் தோன்றிவிட்டது.

மெக்கானிக்கல் சேர்ந்த பிறகு ரான் டூமரைப் பற்றிப் படித்தேன். அமெரிக்காவில் ஆரோ என்ற நிறுவனத்தில் இருந்துகொண்டு எண்பதுக்கும் மேற்பட்ட கோஸ்டர்களை உருவாக்கியவர். ஒகையோ மாநிலத்துச் சீடர் பாயின்ட் பூங்காவில் 1989ல் திறந்த மேக்னம் அவருடையது. முழுச் சுற்று ஓடிவரும் கோஸ்டர்களில் முதன்முதலாக 200 அடி உயரத்தைத் தாண்டியது அதுதான். அப்பேர்ப்பட்ட மனிதருக்கு, ஏறினால் குமட்டுமாம்! தான் செய்தவற்றிலேயே அபூர்வமாகத்தான் ஏறுவாராம். எனக்கு வேறென்ன வேண்டும்? விடுதி அறையில் மற்றவர்கள் நடிகைகளை ஒட்டிய சுவரில் நான் டூமரை ஒட்டினேன். கோஸ்டருக்கு வருமுன் அவர் அப்பல்லோ விண்கலத்தின் வெப்பக் கவசத்தில் வேலை பார்த்தவர் என்பதும் அதே இடத்தில்தான் எழுதியிருந்தது. அந்த வரியை மட்டும் வேகமாகத் தாண்டிப் போனேன். குமட்டலில் எனக்கும் அவருக்கும் பத்துக்குப் பத்துப் பொருத்தம். இன்ஜினியரிங்கில்தான் செவ்வாய் தோஷம்.

இறுதியாண்டு புராஜெக்டில் அந்தத் தோஷம் தன் வேலையைக் காட்டியது. செங்குத்தாக ஒரு வளையம், அதில் எஃகுக் குண்டு ஒன்று தலைகீழாகச் சுற்றி வர வேண்டும். வளையத்தின் ஆரத்தைப்போல் இரண்டரை மடங்கு உயரத்திலிருந்து விட்டால் குண்டு விழாமல் சுற்றும் என்று பாடப்புத்தகம் சொன்னது. என் வளையத்தின் ஆரம் 20 சென்டிமீட்டர். ஆகவே 50 சென்டிமீட்டர் உயரம், மில்லிமீட்டர் பிசகாமல்.

கம்பி வளைத்துத் தந்தது எங்கள் தெருமுனை கிரில் பட்டறைக்காரர். வளைக்குமுன் அவர் கேட்டார்: “தம்பி, முழு வட்டமாவா வேணும்? டிவியில காட்டுறதெல்லாம் கொஞ்சம் முட்டை மாதிரி நீட்டிக்கிட்டுல்ல இருக்கு?”

“அண்ணே, வட்டம்தான் கணக்குக்குச் சரி” என்றேன். வட்டத்தின் சிறப்புகளைப் பற்றிச் சிறிது நேரம் பேசவும் செய்தேன். அவர் பொறுமையாகக் கேட்டுக்கொண்டார்.

இதை இப்போது நினைத்தாலும் காது சூடாகிறது. 1895ல் நியூயார்க் அருகே கோனி தீவில் ‘ஃபிளிப் ஃபிளாப்’ என்று ஒன்றைக் கட்டினார்கள். அதில் வளையம் 25 அடி விட்டத்தில் அச்சான வட்டம். ஏறியவர்கள் கழுத்தைப் பிடித்துக்கொண்டு இறங்கினார்கள். காரணம் எளிது. வட்டத்தின் உச்சியை விழாமல் கடக்கும் அளவுக்கு மட்டும் வேகம் வைத்தாலே, அடியில் நுழையும்போது உங்கள் எடை ஆறு மடங்காகிவிடும். அதுவும் படிப்படியாக அல்ல, சமதளத்திலிருந்து வளைவில் ஏறும் அந்த நொடியிலேயே பிடரியில் ஒரு அறை. இதற்குச் சரியான மருந்தை ஆன்டன் ஸ்வார்ஸ்காப் என்பவரும் வெர்னர் ஸ்டெங்கல் என்ற ஜெர்மன் இன்ஜினியரும் 1976ல் கலிபோர்னியாவின் மேஜிக் மவுன்டன் பூங்காவில் கட்டிக் காட்டினார்கள். வளையம் தலைகீழ்க் கண்ணீர்த்துளி மாதிரி இருந்தது. வளைவு அடியில் அகலமாக ஆரம்பித்து, மேலே போகப்போகக் கொஞ்சம் கொஞ்சமாக இறுகும். ஃபிளிப் ஃபிளாப்புக்கு 81 வருஷம் கழித்து வந்த விடையைப் பட்டறைக்காரர் டிவி பார்த்தே பிடித்துவைத்திருந்தார். நான்தான் அவரைத் திருத்திவிட்டு வந்தேன்.

குண்டுக்கு அந்தச் சிக்கல் எழவில்லை. அதற்கு ஏது கழுத்து? அதன் சிக்கல் வேறு. பாடப்புத்தகக் கணக்கு, உராய்வில்லாமல் வழுக்கிப் போகும் பொருளுக்கானது. உருளும் குண்டு தன் ஆற்றலில் ஒரு பங்கைத் தன்னைத்தானே சுற்றிக்கொள்வதில் செலவழித்துவிடும். அதற்கு 2.7 மடங்கு வேண்டும், அதாவது 54 சென்டிமீட்டர். அதற்கு மேல் உராய்வுக்கும் கொஞ்சம் கொசுறு வைக்க வேண்டும். நாலு சென்டிமீட்டர் குறைந்ததில் குண்டு உச்சிக்குச் சற்று முன்பே தண்டவாளத்தை விட்டு, மேசையில் குதித்து, தேர்வு நடத்த வெளியூரிலிருந்து வந்திருந்த பேராசிரியரின் நாற்காலிக்கு அடியில் போய் நின்றது. அவர் குனிந்து எடுத்து என் கையில் கொடுத்தார். “பயணி கீழே விழுந்துட்டாருப்பா.”

வெளிநாட்டுக் கம்பெனிகளுக்குக் கடிதம் எழுதிய கதையை வேகமாகச் சொல்லிவிடுகிறேன். பெரிய கோஸ்டர் செய்யும் கம்பெனிகள் உலகத்திலேயே கொஞ்சம்தான். சுவிட்சர்லாந்து, ஜெர்மனி, நெதர்லாந்து, அமெரிக்கா என்று போனால் கைவிரல்கள் தீர்வதற்குள் முக்கியமானவை முடிந்துவிடும். அவர்கள் தேடுவது உலோகச் சோர்வு தெரிந்தவர்களை, வெல்டிங்கில் விழும் விரிசலைப் படிக்கத் தெரிந்தவர்களை, கட்டுப்பாட்டு மின்சுற்று வரையத் தெரிந்தவர்களை. நானோ, மக்களை மகிழ்விப்பதில் எனக்குள்ள தணியாத தாகத்தைப் பற்றி ஒன்றரைப் பக்கம் எழுதியிருந்தேன். ஒரே கடிதத்தைப் பெயர் மாற்றி அனுப்பியதில், ஒரு கம்பெனியின் வடிவமைப்பை அதன் போட்டிக் கம்பெனிக்கே எழுதிப் புகழ்ந்துவிட்டேன். பதில் வந்தது அங்கிருந்து மட்டும்தான். அந்த ரைடு தங்களுடையது அல்ல என்று இரண்டே வரியில், மிகுந்த மரியாதையுடன்.

கடைசியில் உள்ளூர்ப் பொழுதுபோக்குப் பூங்கா ஒன்றில் பராமரிப்புப் பிரிவில் பயிற்சி இன்ஜினியராகச் சேர்ந்தேன். அப்பா மின்வாரியத்தில் இருந்தவர். “ராட்டினம் சுத்தவாடா நாலு வருஷம் படிச்ச?” என்றார். பிறகு பெண் பார்க்கப் போன இடத்தில், “மாப்பிள்ளைக்கு என்ன வேலை?” என்று பெண்ணின் பெரியப்பா கேட்டதற்கு என் சித்தப்பா முந்திக்கொண்டு, “பொருட்காட்சி லைன்ல இருக்காப்ல” என்று சொல்லிவைத்தார். அந்தச் சம்பந்தம் கேசரியோடு முடிந்தது.

பூங்காவில் எனக்கு வாய்த்த ஃபோர்மேன் அண்ணன், ஐடிஐ படித்துவிட்டு இருபது வருஷம் அங்கேயே கிரீஸோடு புழங்கியவர். நான் சேர்ந்த முதல் வாரம் கோஸ்டர் வண்டி செயினில் மேலே ஏறும்போது எழும் ‘டக்டக்டக்’ சத்தத்தைக் கேட்டுவிட்டு, என் திறமையைக் காட்ட நல்ல சந்தர்ப்பம் என்று போய்ச் சொன்னேன்: “அண்ணே, ஏத்தத்துல ரொம்பச் சத்தம் வருது. ஆயில் விடச் சொல்லலாமா?”

அவர் என்னை மேலும் கீழும் பார்த்தார். “அது நாய் தம்பி.”

“நாயா?”

“டாக். செயின் அறுந்தா வண்டி பின்னாடி வராம பல்லுல கவ்விப் பிடிக்குமே, அது. குரைச்சாத்தான் நல்லது. குரைக்காத அன்னிக்கு வந்து சொல்லு.”

அது ஏறுகிறவர்களைப் பயமுறுத்த வைத்த சத்தம் என்றே அதுவரை நினைத்திருந்தேன். உண்மையில் அவர்கள் நிம்மதியாக மூச்சுவிட வேண்டிய சத்தம் அது. இப்படித்தான் அங்கே நிறைய. வண்டி தண்டவாளத்திலிருந்து பிய்த்துக்கொண்டு பறந்துவிடும் என்று உச்சியில் எல்லாரும் அலறுவார்கள். ஆனால் தண்டவாளத்துக்கு மேலும் பக்கத்திலும் அடியிலுமாக மூன்று வகைச் சக்கரம் அதைக் கட்டிப் பிடித்திருக்கும். அடிச் சக்கரத்துக்கு ஜான் மில்லர் என்ற அமெரிக்கர் 1919லேயே காப்புரிமை வாங்கிவிட்டார். முன் வண்டி ஒரு பகுதியைத் தாண்டாமல் பின் வண்டி அந்தப் பகுதிக்குள் நுழைய முடியாது, நம் ரயில் சிக்னல் மாதிரி. இத்தனையையும் சரிபார்த்து விடியற்காலையில் கையெழுத்துப் போடுவதுதான் வேலையில் முக்கால்வாசி. நான் கனவு கண்ட வேலையில் ஓவியமும் கற்பனையும் இருந்தன. நிஜ வேலையில் டார்ச்சும், துணியும், நட்டின் மேல் வரைந்த பெயின்ட் கோடு நகர்ந்திருக்கிறதா என்று பார்க்கும் கண்ணும்தான் வேண்டியிருந்தன. என் கண்ணோ மேகத்தில் இருந்தது.

ஒருமுறை மேலாளர், ஒரு மணி நேரத்துக்கு எத்தனை பேரை ஏற்றலாம் என்று கேட்டார். 24 இருக்கை, 90 விநாடிக்கு ஒரு வண்டி, மணிக்கு 40 வண்டி, ஆக 960 பேர் என்று அந்த இடத்திலேயே மனக்கணக்காகச் சொல்லி அசத்தினேன். ஞாயிற்றுக்கிழமை 500ஐத் தாண்டவில்லை. துப்பட்டாவைச் சுருட்டிக் கட்டச் சொல்ல வேண்டும், செருப்பைக் கழற்றச் சொல்ல வேண்டும். ஏழு பேர் கொண்ட குடும்பம், “நாங்க எல்லாரும் ஒண்ணாத்தான் உக்காருவோம்” என்று நிற்கும். பாதுகாப்புக் கம்பியை இறக்கி முடித்த பிறகு ஒரு பாட்டி, “எனக்கு வேணாம்ப்பா, இறக்கி விடு” என்பார். என் கணக்கில் பாட்டி இல்லை.

இன்னொரு நாள், சோதனை ஓட்டத்துக்கு ஆட்களுக்குப் பதிலாக இருக்கையில் கட்டும் தண்ணீர் பொம்மைகளை நிரப்பும் பொறுப்பு என்னுடையது. மூடிகளைக் கையால் திருகினால் போதும் என்று நினைத்துவிட்டேன். வண்டி முதல் பள்ளத்தில் இறங்கியபோது, கீழே அண்ணாந்து நின்ற எங்கள் எல்லார் மேலும் மழை. ஃபோர்மேன் அண்ணன் முகத்தைத் துடைத்துக்கொண்டு பதிவேட்டில் ‘கசிவு’ என்று மட்டும் எழுதினார். என் பெயரை எழுதவில்லை.

ஆனால் நான் சொல்ல வந்தது காணும் பொங்கல் விவகாரம். அங்கே ஒரு வழக்கம் உண்டு. யார் இயந்திரத்துக்குள் இறங்கினாலும் மெயின் சுவிட்சை அணைத்துத் தன் சொந்தப் பூட்டை அதில் போட வேண்டும். சாவி அவரவர் சட்டைப்பையில். நாலு பேர் இறங்கினால் நாலு பூட்டு. நாலும் கழறாமல் வண்டி நகராது. அன்று காலை பிரேக் பகுதியைப் பார்த்துவிட்டு மேலே வந்தேன். பக்கத்து ரைடில் ஏதோ அவசரம் என்று ஓடினேன், அங்கிருந்து டிபன், டிபனிலிருந்து ஸ்டோருக்குச் சாமான் வாங்க பஸ். பூட்டு சுவிட்சில். சாவி என் பையில். செல்போன் ஓய்வறையில்.

நான் திரும்பி வந்தபோது வாசல் வரை கூட்டம். கரும்பும் தூக்குச்சட்டியுமாக ஜனம் நின்றுகொண்டிருந்தது. கோஸ்டர் 50 நிமிஷமாக ஓடவில்லை. மேலாளர் கத்தியதை இங்கே எழுத முடியாது. ஃபோர்மேன் அண்ணனைத் தேடினேன். அவர் தண்டவாளத்துக்கு அடியில் இருந்த புதரிலிருந்து, முழங்கால் வரை சேறோடு வெளியே வந்தார்.

“அண்ணே, ஸாரிண்ணே. கட்டர் வச்சு வெட்டியிருக்கலாமே? ரெண்டு நிமிஷ வேலைதானே?”

“உன் பூட்டு போட்டிருக்கு. நீ உள்ள இல்லைன்னு எனக்கு எப்படித் தெரியும்?”

அந்த 50 நிமிஷமும் அவரும் இன்னும் மூன்று பேரும் தண்டவாளம் நெடுக என்னைத் தேடியிருக்கிறார்கள். என்னை, அதாவது என் உடம்பை. சாவியை எடுத்துக்கொண்டு போய்ப் பூட்டைத் திறந்தேன். அன்று பகல் முழுக்க நாய் குரைத்துக்கொண்டே இருந்தது.

இரண்டு வருஷத்தில் அங்கிருந்து வந்துவிட்டேன். யாரும் அனுப்பவில்லை; யாரும் தடுக்கவும் இல்லை. இப்போது லிஃப்ட் கம்பெனி ஒன்றில் பராமரிப்பு. மேலே போய்க் கீழே வரும் வேலைதான், ஆனால் உள்ளே யாராவது அலறினால் அது புகார். கல்யாணமும் ஆனது. பெண் வீட்டில் இம்முறை அப்பாவே பதில் சொன்னார்.

போன சித்திரையில் மகளைப் பொருட்காட்சிக்குக் கூட்டிப் போனேன். கொலம்பஸைப் பார்த்ததும் கையை உதறிக்கொண்டு ஓடி, கடைசி வரிசையில், அதிகம் தூக்கும் இடத்தில் உட்கார்ந்துகொண்டாள். அவளுடைய செருப்பையும் அப்பளத்தையும் பிடித்துக்கொண்டு நான் கீழே நின்றேன். குனிந்து பார்த்தேன். டயர் அதே மாதிரிதான். தாங்கிப் பிடிக்கும் பின்னில் கிளிப் மாட்டியிருக்கிறதா என்று எட்டிப் பார்த்தபோது லீவர்காரர் சத்தம் போட்டார்.

“சார், தள்ளி நில்லுங்க! ஏறுறதுன்னா டிக்கெட் வாங்கிட்டு ஏறுங்க.”

“இல்லைங்க, நான் ஏறல. நான் இன்ஜினியர்.”

“ஓ, சரி சரி” என்று தலையாட்டிவிட்டு, எனக்குப் பின்னால் நின்றவரை ஏற்றிக்கொண்டார்.