அடிமண் அன்பர்

சென்னை கொளத்தூரில் அலங்கார மீன் கடைகள் வரிசைகட்டி நிற்கும் தெருக்களில் ஞாயிற்றுக்கிழமைக் காலைக் கூட்டத்தை மூன்றாகப் பிரித்துவிடலாம். பிள்ளையின் நச்சரிப்புத் தாங்காமல் வந்து, நாலு கோல்டு ஃபிஷ்ஷைப் பாலிதீன் பையில் கட்டி வாங்கிக்கொண்டு பத்தே நிமிஷத்தில் கிளம்பிவிடுகிறவர்கள் ஒரு ரகம். ஒவ்வொரு தொட்டியாகத் தட்டிப் பார்த்து, விலை கேட்டு, "அடுத்த வாரம் வரேன்" என்று நழுவுகிறவர்கள் இன்னொரு ரகம். மூன்றாம் ரகத்து ஆள் மீன் இருக்கும் பக்கமே திரும்புவதில்லை. நேராகக் கடையின் கோடிக்குப் போய், அங்கே அடுக்கியிருக்கும் மண் பைகளில் ஒன்றைக் கட்டைவிரலால் அழுத்துவார், அடுத்ததை முகர்வார், பிறகு முதலாளியிடம், "அண்ணே, இதோட சி.ஈ.சி. எவ்வளவு இருக்கும்?" என்பார். "மூணு லிட்டரும் இருக்கு, ஒன்பது லிட்டரும் இருக்கு சார்" என்று பதில் வரும். சத்துகளை மண் துகள் தன்மேல் பிடித்துவைத்து வேருக்கு விட்டுக்கொடுக்கும் திறனைத்தான் கேட்டேன் என்று அவர் விளக்கி முடிக்க முக்கால் மணி நேரம் ஆகும். அவசரப்படாமல் விளக்குவார். பிறகு எதுவும் வாங்காமல் வீடு திரும்புவார். அவர்தான் அடிமண் அன்பர்.

அன்பருக்கு வேண்டியது பிளான்டட் டேங்க். அதாவது செடிதான் பிரதானம். மீன் வந்தால் வரட்டும். விளக்கு முடிவாகிவிட்டது, ஃபில்டர் வந்து அட்டைப்பெட்டியில் தூங்குகிறது, எந்தச் செடி எந்த மூலையில் என்று கிராஃப் தாளில் வரைந்தாகிவிட்டது. தொட்டியின் அடியில் எதைப் போடுவது என்பது மட்டும்தான் பாக்கி. அது பாக்கியாகவே இருக்கிறது. கல்யாண மண்டபம் எது என்று பார்ப்பதிலேயே வருஷங்களைக் கழித்துவிட்டுப் பெண் பார்க்க மறந்துபோன மாப்பிள்ளையைப் போன்றவர் அவர். கூடத்தில் இருக்கும் மூன்றடித் தொட்டிக்குள் மின்கட்டண அட்டை, மடக்குக் குடை, போன தீபாவளி மலர், யாருடையது என்று தெரியாத ஒற்றைச் செருப்பு எல்லாம் குடியேறிவிட்டன. "ஏங்க, அதுல அரிசியாவது கொட்டி வைக்கட்டுமா?" என்று வீட்டம்மா கேட்டால், அது கிண்டல் என்று அவருக்கு உறைக்காது. "வேணாம்மா, சிலிக்கான் ஒட்டோட வாடை அரிசியில ஏறும்" என்று காரணத்தோடு மறுப்பார்.

அவரை விவரம் தெரியாதவர் என்று ஒதுக்கிவிட முடியாது; விவரம் தெரிந்ததுதான் தொல்லை. சமையலறை ஜன்னல் திட்டில் ஐந்தாறு ஹார்லிக்ஸ் பாட்டில்கள் வரிசையாக இருக்கும். ஒவ்வொன்றிலும் ஒரு மண்ணும் தண்ணீரும் போட்டுக் குலுக்கி வைத்திருப்பார். மணல் ஒரு நிமிஷத்துக்குள் அடியில் இறங்கிவிடும். அதன்மேல் சில மணி நேரத்தில் வண்டல் படியும். களி மட்டும் மறுநாளும் இறங்காமல் காப்பி நிறத்தில் மிதந்துகொண்டிருக்கும். மேலே சருகுத் துணுக்கு, மயிரிழை வேர், ஒரு செத்த எறும்பு. ஒவ்வொரு படிவின் உயரத்துக்கும் மார்க்கர் பேனாவால் கோடு கிழித்துத் தேதி போட்டிருப்பார். அடுத்தது வினிகர் சோதனை. எவர்சில்வர் தம்ளரில் ஒரு பிடி மணலைப் போட்டு, வினிகரை ஊற்றி, தம்ளர் வாயில் காதை வைப்பார். உஸ்ஸென்று நுரைத்தால் சிப்பித்தூள், அதாவது சுண்ணாம்பு. அது கரைந்து தண்ணீரின் கடினத்தை ஏற்றும். கடற்கரை மணல் அப்படித்தான் தள்ளுபடியானது. எம்-சாண்ட் நுரைக்காது, ஆனால் உடைத்த கல், முனை கூர்மை, அடியில் மேயும் மீனின் மீசையைக் கீறும். மிக மெல்லிய மணல் இறுகி, உள்ளே காற்று போகாமல் அழுகிய முட்டை நாற்றம் கிளம்பும். பெரிய கூழாங்கல்லின் இடுக்கில் தின்னாத தீனி இறங்கி அழுகும். மண்புழு உரம் கொழுப்பு அதிகம். கரிசல் ஊறினால் உப்பும், காய்ந்தால் வெடிக்கும். தொட்டியில் காயப்போவதில்லை என்று யாராவது சொன்னால், "கொள்கைக்காகச் சொல்றேன்" என்பார். தனித்தனியாக எடுத்துக்கொண்டால் இந்த ஆட்சேபங்களில் பொய் என்று எதுவுமே இல்லை. அவரோடு வாதாடுவது அதனால்தான் கஷ்டம்.

இவ்வளவு இருக்க, மண்ணில் மட்டும் ஏன் மாட்டிக்கொண்டார்? அதற்கு ஒரு நியாயம் உண்டு. விளக்கு சரியில்லையா, மாற்றலாம். செடி பிடிக்கவில்லையா, பிடுங்கிவிட்டு வேறு நடலாம். தண்ணீரை வாராவாரம் மாற்றத்தான் போகிறோம். அடிமண் அப்படியில்லை. மூன்றடி நீளமும் ஒன்றரை அடி அகலமும் உள்ள தொட்டியில் ஆறு சென்டிமீட்டர் உயரம் போட்டால் 25 லிட்டர் அளவுக்கு வரும். மணலானால் ஏறக்குறைய 40 கிலோ. அதை மாற்ற வேண்டுமென்றால் மீனை வாளிக்குக் குடிபெயர்த்து, செடியை ஈரத்துணியில் சுற்றி, தண்ணீரை வடித்து, சேற்றை முறத்தால் வார வேண்டும். ஆகவே அவர் பயப்படுவது சரியான இடத்தில்தான். அந்தப் பயத்திலிருந்து அவர் எடுக்கும் முடிவுதான் கோணல்: ஒரே ஒரு தரம் போடப்போகிறோம், அதனால் இருப்பதிலேயே உயர்ந்ததாகப் போட வேண்டும். நான் அதை மறுக்கிறேன். திருப்பி எடுக்க முடியாத ஒன்றைத் தேர்ந்தெடுக்கும்போது, எது அதிக லாபம் தரும் என்று பார்ப்பதைவிட, கணக்கு தப்பினால் எது குறைவாக அடிக்கும் என்று பார்ப்பதே புத்திசாலித்தனம். இந்தக் கணக்கில் தோற்பது கொழுத்த மண். ஜெயிப்பது அன்பர் ஏறெடுத்தும் பார்க்காத இரண்டு மூன்று மில்லிமீட்டர் சாதாரணச் சரளை. சரளையில் சத்து இல்லை என்பது மெய். ஆனால் இல்லாததை எந்த நாளும் சேர்க்கலாம். ரூட் டேப் என்று கடையில் கிடைக்கும் உர மாத்திரையை இடுக்கியால் பிடித்து வேரடியில் சொருகினால் வேலை முடிந்தது. இருப்பதை எடுப்பதற்குத்தான் வழியில்லை. சத்து மண் போட்ட புதிதில் வாரக்கணக்கில் அம்மோனியாவைக் கக்குகிறது. அதைச் செரிக்கும் நுண்ணுயிர்கள் பெருகுவதற்குள் மீனை விட்டால் மீன் செத்துவிடும். அப்போது மண்ணிடம் போய், கொஞ்சம் குறைத்துக்கொள் என்று கெஞ்ச முடியாது.

"செடி வேரால்தானே சாப்பிடுது?" என்பது அன்பரின் முதல் எதிர்க்கேள்வி. கையோடு ஒரு சான்றும் வைத்திருப்பார், நல்ல சான்றும்கூட. 1980-இல் காரின்யான், கால்ஃப் என்ற இரண்டு கனடா ஆய்வாளர்கள் சயன்ஸ் இதழில் வெளியிட்ட ஆய்வு, ஏரியில் வேரூன்றிய நீர்ச்செடிகள் பாஸ்பரஸின் பெரும்பகுதியை அடிச்சேற்றிலிருந்தே எடுக்கின்றன என்று காட்டியது. சரி. ஆனால் 2002-இல் மேட்ஸன், செடர்கிரீன் என்ற டென்மார்க் ஆய்வாளர்கள், சத்து மிகுந்த ஓடையில் வளரும் செடிகளின் வேரையே வெட்டிவிட்டுப் பார்த்தார்கள். வளர்ச்சி குறையவில்லை, இலை வழியாகவே எடுத்துக்கொண்டன. இரண்டையும் சேர்த்துப் படித்தால் கிடைப்பது ஒன்றுதான். எங்கே கிடைக்கிறதோ அங்கே எடுத்துக்கொள்ளும் ஜீவன் நீர்ச்செடி; அதற்குப் பந்தி பேதம் கிடையாது. வேரால் நிறையச் சாப்பிடுகிறவை உண்டு என்பதை ஒப்புக்கொள்கிறேன். நம் மேற்குத் தொடர்ச்சி மலை ஓடைகளிலும் இலங்கையிலும் இயற்கையாக வளரும் கிரிப்டோகோரைன் அந்த ஜாதி. அதற்கு மாத்திரை போதும். இடம் மாற்றினாலே அத்தனை இலையையும் கூழாக்கிக் கொட்டிவிட்டுப் புதிதாகத் துளிர்க்கும் அந்தக் கோபக்காரச் செடிக்கு, எந்த மண்ணில் நட்டாலும் முதலில் இலை போகத்தான் போகிறது. இன்னொரு பக்கம், அன்பரின் கிராஃப் தாளில் முன்வரிசையில் இருக்கும் அனுபியாஸ், ஜாவா ஃபெர்ன், பாசி மூன்றும் மண்ணில் நடப்படுவதே இல்லை. கட்டையிலோ கல்லிலோ நூலால் கட்ட வேண்டும். கிழங்கைப் புதைத்தால் அழுகிவிடும். மண்ணைத் தொடாத செடிகளுக்காகவும் மண் தேடிக்கொண்டிருக்கிறார் மனிதர். செடியை உண்மையில் பட்டினி போடுவது பெரும்பாலும் கரியமில வாயு. காற்றில் பரவுவதைவிடத் தண்ணீரில் அது ஏறக்குறைய பத்தாயிரம் மடங்கு மெதுவாகப் பரவுகிறது. அதைப் பற்றி அன்பரிடம் ஒரு பாட்டில்கூட இல்லை.

இரண்டாவது எதிர்வாதத்தில் பெரிய பெயர் வரும்: தகாஷி அமானோ. ஜப்பானின் நீகாத்தாவைச் சேர்ந்த இந்தப் புகைப்படக்காரர் 1982-இல் ஏ.டி.ஏ. நிறுவனத்தைத் தொடங்கி, தொட்டிக்குள் மலையும் புல்வெளியும் காட்டி உலகத்தையே வாய்பிளக்க வைத்தவர். சுட்ட களிமண் உருண்டையை அக்வா சாயில் என்று உலகம் முழுக்கப் பரப்பியதும் அவர் நிறுவனம்தான். 2015-இல், அவர் காலமான அதே ஆண்டில், லிஸ்பன் ஓஷனேரியத்தில் திறக்கப்பட்ட அவருடைய தொட்டி 40 மீட்டர் நீளம், 160,000 லிட்டர். "அமானோ சாயில்தானே போட்டார்?" என்று கேட்டால் பதில் சொல்வது கடினம்போல் தோன்றும். அமானோ வகைத் தொட்டியில் சாயிலுக்கு மேலே என்னென்ன நடக்கிறது என்பதை அன்பர் விட்டுவிடுகிறார். சிலிண்டரிலிருந்து அளந்து விடும் கரியமில வாயு, பளீரென்ற விளக்கு, ஆரம்ப நாட்களில் அடிக்கடி தண்ணீர் மாற்றம், கத்தரிக்கோலோடு நிற்கும் ஆட்கள். இவையெல்லாம் சேர்ந்து வளர்த்த செடிக்குப் புகழை மண் வாங்கிக்கொண்டது. போதாக்குறைக்கு, அந்த உருண்டை தண்ணீரை மென்மையாக்கி லேசான அமிலமாக வைத்திருக்கப் பார்க்கும். நம் ஊர் போர்வெல் தண்ணீரின் கார்பனேட் அதோடு மல்லுக்கு நின்று அந்தச் சக்தியைச் சீக்கிரமே தீர்த்துவிடும். நாளடைவில் உருண்டையும் நசுங்கிச் சேறாகும். நிரந்தரம் என்று நினைத்து வாங்கியதற்கே ஆயுள் கெடு இருக்கிறது.

அமானோ காலை வாரினால் அன்பர் டயானா வால்ஸ்டாட்டிடம் ஓடுவார். அமெரிக்காவைச் சேர்ந்த இந்த நுண்ணுயிரியலாளர் 1999-இல் வெளியிட்ட புத்தகம், சிலிண்டரும் வேண்டாம் சாயிலும் வேண்டாம், சாதாரணத் தோட்ட மண்ணை ஓர் அங்குலம் பரப்பி மேலே ஓர் அங்குலம் சரளை மூடினால் போதும் என்றது. முறை வேலை செய்கிறது. அதில் எனக்குச் சந்தேகமில்லை. ஆனால் அது ஒரு நிபந்தனையோடு வருகிறது: நட்டபின் கைவைக்கக் கூடாது. ஒரு செடியை வேரோடு இழுத்தால் சரளைக்கடியில் இருக்கும் சேறு புகைபோல் எழுந்து தொட்டி முழுக்கக் கலங்கிவிடும். ஹார்லிக்ஸ் பாட்டிலையே தினம் நாலு தரம் குலுக்கிப் பார்க்கிறவர் மூன்றடித் தொட்டியைத் தொடாமல் இருப்பாரா? அந்த முறையில் மண்ணைவிட முக்கியமான மூலப்பொருள் வளர்ப்பவரின் சோம்பேறித்தனம். அது அன்பரிடம் துளியும் கிடையாது. இடையில் சில காலம் அவர் லேட்டரைட் பக்கமும் சாய்ந்தார். 1980-களில் ஜெர்மானியர்கள் சரளைக்கடியில் சூடேற்றும் வயரும் இரும்புச்சத்துள்ள லேட்டரைட்டும் போட்டு அமர்க்களப்படுத்தினார்கள். அந்தச் செம்பாறையை முதன்முதலில் பெயரிட்டு விவரித்த ஃபிரான்சிஸ் புக்கானன் அதைக் கண்டது மலபாரின் அங்காடிப்புரத்தில், எழுதியது 1807-இல். ரயிலில் ஒரு ராத்திரி தூரம். அன்பர் வெளிநாட்டுப் பொட்டலத்துக்குத்தான் விலை விசாரித்தார்.

கடைசியாக ஓர் ஆட்சேபம் பாக்கியிருக்கிறது. அதை மட்டும் முழுசாகத் தள்ளிவிட எனக்கு மனமில்லை. ஊரெல்லாம் மீன் வாங்கி ஒரே வாரத்தில் கொன்று, கழிவறையில் விட்டுத் தண்ணீரை இழுத்துவிடுகிற காலத்தில், ஒரு மனுஷன் மண்ணுக்கே இவ்வளவு யோசிப்பது குற்றமா? குற்றமில்லை. இன்னும் சொல்லப்போனால் அவர் கையால் ஒரு மீன்கூடச் செத்ததில்லை. தெருவில் அவரிடம் யோசனை கேட்டவர்களின் தொட்டிகள் எல்லாம் செழிப்பாகவே இருக்கின்றன. மாடிவீட்டுப் பள்ளிக்கூடத்துப் பையன், "மாமா, எதைப் போடறது?" என்று வந்து நின்றால், அன்பர் யோசிக்காமல், "ஜல்லிக்கடையில சின்னச் சரளை வாங்கு, தண்ணி தெளியற வரைக்கும் அலசு, பின்னாடி கொஞ்சம் மேடாப் போடு, வாலிஸ்னேரியா நட்டுடு" என்று ஒரே மூச்சில் சொல்லிவிடுவார். பையனின் தொட்டியில் வாலிஸ்னேரியா கொடியோடிப் பின்சுவரை மறைத்துவிடும். பிறத்தியாரின் தொட்டியில் அவருக்கு இருக்கும் தெளிவு தன் தொட்டியில் ஏன் வரவில்லை என்றால், பிறத்தியார் தொட்டி தப்பினால் மாற்ற வேண்டியது பிறத்தியார். மற்றபடி, மீனைக் கொல்லாத பெருமையைப் பற்றி அதிகம் பேச வேண்டாம். தொட்டியில் குடையைக் காப்பாற்றி வைத்திருப்பதும் அதே கவனம்தான்.

இத்தனையையும் எடுத்துச் சொன்னால் அன்பர் முரண்டு பிடிக்கிற ஆளுமில்லை. தலையை ஆட்டிக் கேட்பார். சரளைதான் என்று ஒப்புக்கொள்வார். வாங்கி வந்து, சாக்கில் போட்டு மொட்டைமாடியில் அலசி உலர்த்தியும் விடுவார். அதற்குப் பிறகு பேனாவை எடுத்து ஒரு கூட்டல் போடுவார். 180 லிட்டர் தண்ணீர், 40 கிலோ சரளை, கண்ணாடி எடை வேறு. கால் டன்னை நெருங்குகிறது. இவ்வளவு பாரமும் சமமாக உட்கார வேண்டுமென்றால் தொட்டிக்கும் ஸ்டாண்டுக்கும் நடுவே விரிக்கும் தெர்மகோல் எத்தனை அடர்த்தி இருக்க வேண்டும்? தெர்மகோலா, யோகா பாயா? ஒருதரம் தொட்டியை ஏற்றிவிட்டால் அப்புறம் உருவ முடியாதே! இப்போது ஜன்னல் திட்டு காலியாகிவிட்டது. ஹார்லிக்ஸ் பாட்டில்கள் கூடத்துத் தரையில், ஆளுக்கொரு தெர்மகோல் துண்டின்மேல் நிற்கின்றன. எது எத்தனை மில்லிமீட்டர் அமுங்குகிறது என்று அன்பர் குப்புறப் படுத்து ஸ்கேல் வைத்து அளந்துகொண்டிருக்கிறார்.