எண்வகை மெய்ப்பாடும் இருபத்தெட்டுத் தடங்களும்: ஓர் இசைத்தட்டைக் கேட்டோர் அபிப்பிராயங்கள் குறித்து ஒரு முன்னாய்வு

இசையை ஆய்ந்தோர் உளர். இசைத்தவரை ஆய்ந்தோரும் உளர். இசையைக் கேட்டு முடித்துவிட்டு, "என்னமோ போங்க, அந்தக் காலம் மாதிரி இல்லை" என்று சொல்பவரை ஆய்ந்தோர் இலர். அக்குறையைத் தீர்க்கவே இக்கட்டுரை எழுந்தது என்க.

ஆய்வுக்கு எடுத்துக்கொண்டது 'தி ஹேட்ஃபுல் எயிட்' படத்தின் இசைத்தட்டு. க்வென்டின் டாரன்டினோவின் இந்த கௌபாய் படம் 2015 கிறிஸ்துமஸ் அன்று அமெரிக்காவில் வெளிவந்தது. இசைத்தட்டை டெக்கா நிறுவனம் ஒரு வாரம் முந்தியே கடைக்கு அனுப்பிவிட்டது. ஆகவே படம் பார்க்காமலே கருத்துச் சொல்லும் வாய்ப்பு முதல் வாரத்திலேயே எல்லோருக்கும் சரிசமமாகக் கிடைத்தது. இசை எனியோ மோரிகோனி, அப்போது வயது 87.

உலகில் எத்தனையோ இசைத்தட்டு இருக்க இதை ஏன் எடுத்தீர் எனின், கேட்டவர்களில் இரண்டு பேர் ஒத்துப்போவது இதில் அபூர்வம் என்பது ஒரு காரணம். படத்தின் பெயரில் எட்டு இருக்கிறது, தொல்காப்பியர் சொன்ன மெய்ப்பாடுகளும் எட்டு என்பது மற்றது. இதைத் தற்செயல் என்று தள்ளிவிடுபவர் ஆய்வுத்துறையில் பதவி உயர்வு பெறுவது கடினம்.

முறைப்படி நகையில் தொடங்க வேண்டும். ஆனால் இந்த இசைத்தட்டில் சிரிக்க எதுவும் மூன்றாம் தடத்துக்கு முன் வருவதில்லை. எனவே மருட்கையில் தொடங்குகிறோம்.

மருட்கைக்கு உரியவர், செர்ஜியோ லியோனியின் படங்களைப் பார்த்து வளர்ந்தவர். 1964 முதல் 1966 வரை வந்த அந்த மூன்று படங்களில் இதே மோரிகோனிதான் அலெஸ்ஸாண்ட்ரோ அலெஸ்ஸாண்ட்ரோனியை விசிலடிக்க வைத்தார், சாட்டையைச் சொடுக்கினார், எலெக்ட்ரிக் கிதாரை அதட்டினார், நம் மோர்சிங்கின் ஐரோப்பியச் சகோதரனைக்கூட விட்டுவைக்கவில்லை. அப்படிப்பட்டவர் முப்பது ஆண்டுகளுக்கும் மேலான இடைவெளிக்குப் பின் மறுபடி ஒரு கௌபாய் படத்துக்கு இசையமைக்கிறார் என்றால் கேட்பவர் உதட்டைக் குவித்துக்கொண்டு உட்கார மாட்டாரா? உட்கார்ந்தார். முதல் தடம் ஏழரை நிமிடம் ஓடுகிறது. விசில் இல்லை. பஸூன் என்னும் நீண்ட மரக்குழல் அடித்தொண்டையில் அரைகுறையாக ஒரு வரியை முனகுகிறது, நிறுத்துகிறது, மறுபடி அதே வரியை முனகுகிறது. அடியில் தந்திகள் விடாமல் குமைகின்றன. திரையில் அப்போது ஓடுவது, பனி மூடிய ஒரு மரச்சிலுவையிலிருந்து கேமரா மெல்ல மெல்ல விலக, தூரத்தில் ஆறு குதிரை பூட்டிய வண்டி ஒன்று வரும் காட்சி. மனிதர் யாரும் இன்னும் வாயைத் திறக்கவில்லை; ஆனால் யாரோ செத்துப்போகப் போகிறார்கள் என்பதை பஸூன் சொல்லிவிட்டது.

"விசில் எங்கே?" என்பதே இவ்வகைக் கேட்போரின் முழு விமர்சனமும். இதற்கு மோரிகோனியிடம் பதில் தயாராக இருந்தது. அவர் கணக்கில் இது வெஸ்டர்ன் படமே அல்ல. லியோனிக்குச் செய்ததைத் திருப்பிச் செய்ய மாட்டேன் என்ற தீர்மானத்தோடுதான் ப்ராக் நகரில் செக் தேசிய சிம்ஃபனி இசைக்குழுவை வைத்து 2015 ஜூலையில் பதிவு செய்தார். இங்கே நம் ஆய்வின் முதல் முடிவு கிட்டுகிறது: கேட்டவர் கருத்துச் சொன்னது 2015-இன் இசையைப் பற்றி அல்ல, 1966-இன் இசையைப் பற்றி. கையிலிருந்த தட்டு அதற்கு ஒரு சாக்கு.

அடுத்து நகையும் வெகுளியும். இவற்றைப் பிரித்து ஆராய முயன்று தோற்றோம். காரணம், டாரன்டினோ தம் இசைத்தட்டுகளில் பாட்டுக்கு நடுவே படத்தின் வசனங்களையும் செருகிவிடும் வழக்கமுள்ளவர். இதில் 28 தடங்களுள் ஏழு வெறும் பேச்சு. நமக்கு இது புதிதல்ல. படத்தின் கதை வசனத்தைக் கேசட்டில் போட்டு, திருவிழா மைக்செட்டில் விடிய விடிய அலறவிட்ட நாட்டில் பிறந்தவர்கள் நாம். சிவாஜி பேசி முடிக்கும் முன்பே அடுத்த வரியைச் சொல்லிவிடுகிற பெரியப்பாக்கள் இன்னும் இருக்கிறார்கள். ஆனால் அந்தக் கேசட்டில் பேச்சு பேச்சாகவே முழுசாக இருந்தது. இங்கே நிலைமை வேறு. 'நேவே' என்று ஒரு தடம், இத்தாலியனில் பனி என்று பொருள், 12 நிமிடங்களுக்கு மேல் நீள்கிறது. மோரிகோனி பொறுமையாக ஒவ்வொரு கருவியாக உள்ளே விட்டு, கேட்பவரை வயோமிங் மலைப் பனியில் முழங்கால்வரை புதைத்துவிடுகிறார். கண் செருகுகிறது. அந்த நேரம் பார்த்து நடிகர் கர்ட் ரஸ்ஸல் வந்து, தாம் விலங்கு மாட்டி இழுத்துவரும் பெண்ணை உரக்க அறிமுகம் செய்து வைக்கிறார்.

முதல் தடவை கேட்பவர் சிரிக்கிறார். படம் நினைவுக்கு வருகிறது, நடிப்பு நினைவுக்கு வருகிறது. சில தடவை கேட்டபின் ரிமோட்டைத் தேடுகிறார். இன்னும் சில தடவைக்குப் பின் அந்தத் தடங்களை மட்டும் நீக்கிவிட்டுத் தமக்கென்று ஒரு பட்டியல் தயாரித்துக்கொண்டு, டாரன்டினோவைவிடத் தமக்கே ரசனை அதிகம் என்ற முடிவுக்கு வருகிறார். ஆக வெகுளி என்பது நகையின் முதிர்ச்சி என்று கொள்க. மேலும், இந்த வசனங்களை வீட்டு ஹாலில் ஸ்பீக்கரில் ஓடவிடுவது உசிதமல்ல. பன்னிரண்டாம் தடத்தின் தலைப்பையே இங்கு அச்சிட இயலாது. கறுப்பினத்தவரை இழிக்கும் சொல் அதில் உட்கார்ந்திருக்கிறது.

இளிவரல் இந்த ஆய்வின் மகுடம். 1982-இல் ஜான் கார்ப்பென்டர் எடுத்த 'தி திங்' என்ற திகில் படத்துக்கும் மோரிகோனிதான் இசை. அங்கும் பனி, அங்கும் ஓர் அறைக்குள் மாட்டிக்கொண்டு ஒருவரையொருவர் சந்தேகிக்கும் கூட்டம், அங்கும் கர்ட் ரஸ்ஸல். கார்ப்பென்டர் எழுதி வாங்கியதில் ஒரு பங்கை எடுத்துக்கொண்டு மிச்சத்தை ஒதுக்கிவிட்டார். அந்த ஆண்டின் மட்டமான படைப்புகளுக்குக் கேலியாக வழங்கும் ராஸ்பெரி விருதுக்காரர்கள், மோசமான இசை என்ற பிரிவில் அந்தப் படத்தின் இசையைப் பரிந்துரைத்தார்கள். முப்பத்து மூன்று ஆண்டு கழித்து டாரன்டினோ அந்த ஒதுக்கப்பட்ட மிச்சத்தில் சிலவற்றைத் தூசு தட்டி இந்தப் படத்தில் வைத்தார். படத்துக்கு மோரிகோனி புதிதாக எழுதியதும் பழைய மிச்சமும் கைகோத்து நடந்தன. 2016 பிப்ரவரி 28 அன்று சிறந்த இசைக்கான ஆஸ்கர் வந்து சேர்ந்தது. சரக்கு ஒரே கொல்லையிலிருந்துதான் வந்தது. இடையில் மாறியது, அதை மதிப்பது எப்படி என்பது பற்றி மக்களுக்கு வந்திருந்த தகவல்.

இதில் ஓர் உட்சோகம் உண்டு. அரங்கில் அந்தப் பழைய துண்டுகளைக் கேட்டு மெய்சிலிர்த்தவர் இசைத்தட்டை வாங்கினார். 28 தடங்களையும் சலித்துப் பார்த்தார். அவை அதில் இல்லை. அவருக்கு ஜாக் வைட்டின் 'ஒயிட் ஸ்ட்ரைப்ஸ்' குழு பாடியது ஒன்றும், ராய் ஆர்பிசன் பாடியது ஒன்றும் கிடைத்தன. ஆர்பிசன் பாட்டு 1967-இல் அவரே நாயகனாக நடித்த ஒரு படத்திலிருந்து எடுத்தது. அதில் அவர் கிதார் துப்பாக்கியாகவும் வேலை செய்யும். எல்பி வடிவத்தைப் பதிப்பித்தது அதே ஜாக் வைட்டின் தேர்ட் மேன் நிறுவனம்; தம் பாட்டைத் தாமே அச்சடித்துத் தரும் பாக்கியம் எல்லாருக்கும் வாய்க்காது.

கிதார் என்றதும் அழுகைக்கு வர வேண்டியதாகிறது. 13-ஆம் தடத்தில், விலங்கு மாட்டிய அந்தப் பெண்ணாக நடித்த ஜெனிஃபர் ஜேசன் லீ கிதார் மீட்டி ஒரு பாட்டுப் பாடுகிறார், ஆஸ்திரேலியாவுக்கு நாடு கடத்தப்பட்ட கைதியின் புலம்பல். படத்தில் கர்ட் ரஸ்ஸல் பாட்டை நிறுத்தச் சொல்லி கிதாரைப் பிடுங்கி அடித்து நொறுக்குவார். அந்த கிதார் 1870-களில் செய்யப்பட்டது. மார்ட்டின் நிறுவனத்தின் அருங்காட்சியகம் இரவல் தந்தது. உடைப்பதற்கு முன் நகலை மாற்றிக் கொடுப்பதாகத் திட்டம். மாற்றவில்லை. ரஸ்ஸலுக்குச் சொல்லவும் இல்லை. திரையில் லீயின் முகத்தில் தெரியும் பதற்றம் நடிப்பு அல்ல. இனிமேல் சினிமாவுக்கு கிதார் இரவல் கிடையாது என்று அருங்காட்சியகம் கதவைச் சாத்திவிட்டது. இந்த விஷயம் தெரியாதவர் 13-ஆம் தடத்தைக் கேட்டுவிட்டு "நல்ல குரல்" என்கிறார். தெரிந்தவர், குறிப்பாகக் கிதார் வாசிப்பவர், கேட்க மறுக்கிறார். ஒரே சுரங்கள், நடுவில் ஒரு செய்தி.

பெருமிதம் பெரும்பாலும் டாரன்டினோவிடமே காணப்படுகிறது. கோல்டன் குளோப் மேடையில் மோரிகோனிக்குப் பதிலாக விருதை வாங்கிக்கொண்ட அவர், மோட்ஸார்ட், பீத்தோவன், ஷூபர்ட் என்ற வரிசையில் வைத்துப் பேசினார். தனியொரு படத்துக்காக மோரிகோனிக்கு அமெரிக்காவில் விருதே கிடைத்ததில்லை என்றும் சொன்னார். அதற்கு முன் அதே கோல்டன் குளோப் மோரிகோனிக்கு இரண்டு முறை கிடைத்திருந்தது. ரசிகனின் புள்ளிவிவரம் இப்படித்தான் இருக்கும், இருக்கவும் வேண்டும். மோரிகோனியோ ஆஸ்கர் மேடையில் ஏறியதும் போட்டியில் தோற்ற ஜான் வில்லியம்ஸுக்கு வணக்கம் சொன்னார். ஐந்து முறை பரிந்துரைக்கப்பட்டு வெறுங்கையோடு திரும்பியவருக்கு அந்த நாற்காலியின் சூடு தெரியும்.

அச்சத்தைப் பற்றி அதிகம் சொல்வதற்கில்லை. 'வெள்ளை நரகம்' என்ற தலைப்பில் இரண்டு வடிவங்கள் உள்ளன. இரவில் தனியே கேட்க வேண்டாம் என்போர் உளர்; இரவில் தனியே மட்டும்தான் கேட்க வேண்டும் என்போரும் உளர்.

வடநூலார் சாந்தம் என்று ஒன்பதாவது ஒன்றைக் கூட்டுவர். இசைத்தட்டைக் கேட்டுவிட்டு "பரவாயில்லை" என்பவர் அதற்கு உரியவர். இவரை நாம் சேர்க்கவில்லை. படத்திலும் பனிப்புயலுக்கு ஒதுங்கி ஒரு கடைக்குள் வந்து உட்கார்ந்தவர்களை எண்ணினால் வண்டியோட்டியோடு ஒன்பது வரும். அவனையும் யாரும் கணக்கில் வைப்பதில்லை.

எஞ்சியது உவகை. அதற்கு 25-ஆம் தடம் என்பதில் விசில் கட்சியும் பஸூன் கட்சியும் ஒன்றுபடுவதை வியப்போடு பதிவு செய்கிறோம். ஆப்ரஹாம் லிங்கன் எழுதியதாகச் சொல்லப்படும் ஒரு கடிதத்துக்காக மோரிகோனி எழுதிய மெட்டு. ஒற்றை ட்ரம்பெட், அவசரமே இல்லாமல். அடுத்த தடத்தில் அதே மெட்டின் மேல் நடிகர் வால்டன் காகின்ஸ் கடிதத்தை வாசிக்கிறார். படம் பார்த்தவர்களுக்குத் தெரியும், கடிதம் போலி. கதை முழுக்கப் பொய் சொல்பவர்களால் நிரம்பியிருக்க, இசை மட்டும் ஒரு பொய்க் கடிதத்தை முழுதாக நம்பி உருகுகிறது. கடிதம் போலி என்று ட்ரம்பெட்டுக்குத் தெரியாது என்பது ஒரு தரப்பு. தெரிந்துதான் வாசிக்கிறது, வாசிக்கும் காகின்ஸுக்கும் தெரியும், அதுவே அதன் அழகு என்பது மறுதரப்பு. இவ்வாய்வாளர் இரண்டாம் தரப்பில் நிற்கிறார். முதல் தரப்பினர் 26-ஆம் தடத்தைத் தாண்டிக் குதித்துவிடுவதால் அவர்களோடு விவாதிக்க முடிவதில்லை. தாண்டாமல் கேட்பவர்களோடு பேச வாயெடுத்தால் அதற்குள் ராய் ஆர்பிசன் பாட ஆரம்பித்துவிடுகிறார்.