மலையேறப் போறீங்களாக்கும்!

ஏனுங் கண்ணு, வெள்ளியங்கிரிக்கா? பேஷ். முதுகுல பை, பையில இருந்து வாய் வரைக்கும் ரப்பர் குழாய், மணிக்கட்டுல நாடி பாக்கற கடிகாரம், நெத்தியில வெளக்கு. சுரங்கத்துக்குள்ள எறங்கறவன்கூட இத்தனை மாட்ட மாட்டான். பரவால்லைங். பூண்டி அடிவாரத்துல நாலு பேரு உங்களைப் பாத்து ஒதுங்கி வழி விடுவாங்க, அதுக்காச்சும் ஆகும்.

தடம் தெரியுமான்னு கேட்டேன், போனை எடுத்துக் காட்டறீங்க. அதுல ஒரு நீலப் புள்ளி நிக்குது. நல்ல புள்ளிதானுங், குத்தஞ்சொல்லலை. டவர் இல்லாட்டியும் சேட்டிலைட்டைப் பாத்து நிக்குமாம், பேரன் சொன்னான். ஆனா படத்தை ஊட்டுலயே எறக்கி வச்சிருக்கோணும். இல்லாட்டி மூணாவது மலையில வெறும் வெள்ளைத் திரையில புள்ளி மட்டும் முழிச்சிட்டு நிக்கும், நீங்க பக்கத்துல நின்னு முழிப்பீங்க. இன்னொன்னு, டவரைத் தேடித் தேடியே பேட்டரி செத்துப்போகும். மலைக்கு நடந்து போறவன் போனை ஏரோப்ளேன்ல போடோணுமாம். எந்தப் புண்ணியவான் கண்டுபிடிச்சானோ!

எங்க ஆளுங்களுக்கு ஏது படம்? வெள்ளைப் பிள்ளையார், வழுக்குப்பாறை, பாம்பாட்டிச் சுனை, கைதட்டிச் சுனை, ஒட்டன் சமாதி, பீமன் களியுருண்டை, ஆண்டி சுனைன்னு வாயில சொல்லிட்டே ஏறுவாங்க. அடுத்தது வரலைன்னா நின்னுக்குவாங்க. அவ்வளவுதான் வித்தை. நீங்களும் ஒரு துண்டுச் சீட்டுல எழுதி அங்கராக்குப் பையில வச்சுக்குங். சீட்டுக்கு சார்ஜு போட வேண்டியதில்லை பாருங்.

மலை ஏழுன்னு சொல்றாங்களே, அதுல இருக்குது சூட்சுமம். மொதல் மலைதான் படி படியா நெட்டுக்குத்தா நிக்கும். அதை ஏறி முடிச்சு, “அப்பாடா, உச்சி வந்துருச்சு”ன்னு நிமிந்து பாத்தீங்கன்னா அக்கட்டால இன்னொன்னு நிக்கும். அதையும் ஏறினா இன்னொன்னு. நாலாவது, அஞ்சாவதுல கொஞ்சம் நெரவா நடக்க உட்டு, ஆறாவதுல கீழ எறக்கி, ஆண்டி சுனைத் தண்ணியில நடுங்க வச்சு, அப்பறம்தான் ஏழாவதைக் காட்டும். கந்துவட்டிக்காரன்கூட இத்தனை தவணை போட மாட்டான்.

இந்த எடத்துலதான் நம்ம ஆளுங்க தடம் தப்பறது. காலு தப்பறதில்லைங், வாயி தப்பும். எறங்கி வர்றவங்களைப் பாத்து, “அண்ணா, இன்னும் எவ்வளவு தூரமுங்?”னு கேப்பீங்க. “இதோ, அந்தத் திருப்பம் தாண்டுனா வந்துருச்சு”ம்பார். அரை மணி நேரங் கழிச்சு இன்னொருத்தரைக் கேப்பீங்க. அவரும் அதே திருப்பத்தைத்தான் சொல்லுவார். மூணாவது ஆளு, “பாதி வந்துட்டீங்க தம்பி”ம்பார். அப்பத்தான் உங்களுக்கு வயிறு கலங்கும், ஏன்னா மின்னாடி ஆளு கணக்குப்படி நீங்க சாமி கும்பிட்டு எறங்கிட்டு இருக்கோணும். ஒருத்தரும் கெட்ட எண்ணத்துல சொல்றதில்லைங். எறங்கறவனுக்கு எல்லாம் கிட்டத்துலதான் தெரியும். உள்ளதைச் சொன்னா இந்தப் பையன் இங்கயே உக்காந்துக்குவானோன்னு ஒரு இரக்கம் வேற. அதனால தூரத்தைக் கேக்காதீங். “அடுத்த சுனை எது, அதுல தண்ணி இருக்குதா?”ன்னு கேளுங். அதுக்கு யாரும் பொய் சொல்ல மாட்டாங்க.

நேரத்துக்கு ஒரு கணக்கு இருக்குதுங். ஸ்காட்லாந்துல நெய்ஸ்மித்துன்னு ஒருத்தர் 1892லயே சொல்லி வச்சிட்டுப் போனாராம். மூணு மைல் நடைக்கு ஒரு மணி நேரம், ரெண்டாயிரம் அடி ஏத்தத்துக்கு இன்னொரு மணி நேரம். இங்க வந்த காலேஜ் வாத்தியார் ஒருத்தர் திண்ணையில உக்காந்து போட்டுக் காட்டினார். தடம் நாலு மைல் சொச்சம், உச்சி ஆறாயிரம் அடின்னு பேரு, அடிவாரம் ஆயிரத்து எழுநூறுன்னு வைங்க, மூணரை மணி நேரத்துல ஏறிறலாம்னு முடிச்சார். நான் ஒண்ணும் பேசலைங். அவரு பொழுது சாயத்தான் வந்து சேந்தார். நெய்ஸ்மித்து மேல தப்பில்லை. அவரு ஊர்ல சுக்குக் காப்பிக் கடையும் கோலி சோடாவும் இருந்திருக்காது, பாறைக்குப் பாறை நின்னு போட்டோ புடிக்கற பழக்கமும் இருந்திருக்காது. உங்க கணக்குக்கு அவரு சொன்னதை ரெண்டால பெருக்கிக்குங். எத்தனை மணிக்குத் திரும்போணும்னு அடிவாரத்துலயே முடிவு பண்ணிருங். மேல போய் முடிவு பண்ணலாம்னா, மேல போனதும் முடிவு பண்றது உங்க புத்தி இல்லீங், “இவ்வளவு தூரம் வந்துட்டு”ங்கற வீம்பு.

அப்பறம் குறுக்கு வழி. ஆகா, நம்ம சனத்துக்கு குறுக்கு வழின்னா உசுரு. தடம் வளைஞ்சு போற எடத்துல நேரா ஏறலாமேன்னு ஒருத்தன் கெளம்புவான், அவன் பின்னாடி ஒம்போது பேரு. ராத்திரி டார்ச்சு வெளிச்சத்துல மின்னாடி போறவன் முதுகுதான் உங்களுக்குத் தடம். அந்த முதுகுக்கு ஒண்ணுக்கு வந்து ஒதுங்கினாக்கூட நீங்களும் கூடவே ஒதுங்குவீங்க.

இன்னொரு தடம் இருக்குது, அதைக் கேட்டுக்குங். போளுவாம்பட்டிக் காடு யானைக் காடு. நம்ம தடம் கல்லும் முள்ளுமா, குத்தா, கோணலா இருக்கும். திடீர்னு பக்கவாட்டுல அகலமா, சீரா, மூச்சு வாங்காத சரிவுல அருமையான தடம் ஒண்ணு பிரியும். “அட, இதை உட்டுட்டு இந்த ஆளுங்க ஏன் அதுல போறாங்க!”ன்னு தோணும். தோணுச்சுன்னா அங்கயே நில்லுங். மலையில மனுசன் போட்ட தடத்தைவிட நல்ல தடம் கண்டீங்கன்னா, அது பெரியவர் போட்டது. அவருக்கு எஞ்சினியர் வேண்டாம், டெண்டர் வேண்டாம், சரிவு பாத்து நடக்கறக்கு அவரை மிஞ்சின ஆளில்லை. உங்க தலைக்கு மேல ஒரு முழம் ஒசரத்துல மரத்துல சேறு தேச்சிருக்குதா, மூங்கில் முறிஞ்சு கெடக்குதா, லத்தி கெடக்குதா பாருங். லத்தியில சூடு இருக்குதான்னு ஆராச்சி பண்ண வேண்டாம். வந்த வழியே திரும்பீருங்.

நம்ம தடத்துக்கும் அடையாளம் இருக்குதுங். வருசக்கணக்குல காலு பட்டு வழவழன்னு ஆன கல்லு, சருகு நிக்காத மண்ணு. அதோட பிஸ்கட்டு கவரு. வனத்துறைக்காரங்க அடிவாரத்துல பையைத் தொறந்து பாத்து, பாட்டிலுக்கு ஸ்டிக்கர் ஒட்டிக் காசு வாங்கி வச்சுக்கறாங்க, திருப்பிக் கொண்டாந்தா காசு திரும்பும். அப்பிடியும் நம்ம பக்தருங்க மேல வரைக்கும் கவரைப் போட்டு வழி காட்டிட்டுத்தான் போறாங்க. அவங்க தயவுல தடம் கண்டுபுடிச்சாலும் நீங்க போடாதீங்.

மேல மலையில மேகம் எறங்கிச்சுன்னா பக்கத்துல நிக்கறவன் மொகம் தெரியாது. காத்து வேற தள்ளும். அப்ப நடக்கறது வீரமில்லீங், உக்கார்றதுதான் வீரம். போர்வையைப் போத்திட்டு உக்காந்தா மேகம் தானா போயிரும். அதுக்கு வேற மலைக்குப் போகோணுமல்ல. தடம் தப்பிருச்சுன்னு தெரிஞ்சாலும் அதேதான், கத்துங், விசில் ஊதுங், எடத்தை உட்டு நகராதீங். ஓடைத் தண்ணி போற வழியே போனா ஊர் வந்துரும்னு எவனோ சினிமாவுல சொல்லிட்டான். தண்ணிக்குப் பாறையில இருந்து குதிக்கத் தெரியும், உங்களுக்குத் தெரியுமா?

நடக்கறப்ப அப்பப்பத் திரும்பி வந்த தடத்தையும் பாத்துக்குங். ஏறறப்பக் காட்டற மொகத்தை எறங்கறப்பக் காட்டாது மலை. பிரியற எடத்துல எல்லாம் திரும்பி நின்னு ஒரு மரத்தையோ பாறையையோ மனசுல வச்சுக்குங். போட்டோ புடிக்கோணும்னு கை அரிச்சா அந்தப் பக்கமாப் புடிங், உங்க மூஞ்சி இல்லாம.

விளையாட்டில்லாம ஒண்ணு. நெஞ்சுவலி, பிரஷர் இருக்கறவரை வீம்புக்குக் கூட்டிட்டுப் போகாதீங். 2024 சீசன்ல மூச்சடைச்சும் நெஞ்சு வலிச்சும் எத்தனை பேரு போய்ச் சேந்தாங்க, டோலி கட்டி எறக்கினாங்க. பிப்ரவரியில இருந்து மே வரைக்கும்தான் ஏற உடுவாங்க. ஆடி மாசத்துல எனக்குத் தெரிஞ்ச காட்டு வழியில கூட்டிட்டுப் போறேன்னு எவனாச்சும் வந்தா, அவனை மின்னாடி போகச் சொல்லிட்டு நீங்க பஸ் ஏறி ஊட்டுக்குப் போயிருங்.

ஆங், மூங்கில் தடி. மறந்தே போனேன். ஏறறக்கு எதுக்கு, எனக்கு வயசு இருபத்தஞ்சுன்னு நெனைப்பீங்க. ஏறறக்கு இல்லீங், எறங்கறக்கு. எறங்கறப்ப மொதல் மலைப் படியில முட்டி ரெண்டும் தந்தியடிக்கும், அப்பத் தடிதான் மூணாவது காலு. கடிகாரம் உங்க நாடியை எண்ணும், உங்களைப் புடிச்சு நிறுத்தாது. அடிவாரத்துல வரிசையாக் கடை இருக்குது, கணு நெருக்கமா இருக்கற தடியாப் பாத்து வாங்குங். மூணாவது கடை நம்ம மருமகன் கடைதான். அதுக்காகச் சொல்றேன்னு நெனைச்சுக்காதீங், கண்ணு. அவன்கிட்ட என் பேரைச் சொன்னா அஞ்சு ரூபா எச்சாச் சொல்லுவான்.