நான் பிடித்த முயலுக்கு நாலு கால்

தான் பிடித்த முயலுக்கு மூன்றே கால் என்று சாதிக்கிறவர்களைப் பற்றிப் பழமொழி இருக்கிறது. நான் பிடித்த முயலுக்கு நாலு காலும் சரியாக இருக்கிறது, எண்ணிப் பார்த்துவிட்டேன். பிரச்சினை பல்லில். பழமொழிக்காரர் காலை எண்ணியதோடு நிறுத்திவிட்டார். வாயைத் திறந்து பார்த்திருந்தால் பழமொழியே வேறு மாதிரி வந்திருக்கும்.

‘பிடித்த’ என்பதும் ஒரு பெருமைக்குத்தான். காட்டு முயலை நிஜமாகவே பிடித்தால் 1972-ஆம் வருஷத்து வன உயிரினப் பாதுகாப்புச் சட்டத்தில் என்னைப் பிடித்துவிடுவார்கள். இது மகளின் பிறந்தநாளுக்குக் காசு கொடுத்து வாங்கிய வளர்ப்பு முயல். விற்றவர், “பொட்டைண்ணே, சாந்தமா இருக்கும்” என்றார். தூய வெள்ளை. மதுரையில் வெள்ளையாக எது வீட்டுக்கு வந்தாலும் பெயர் தேட வேண்டியதில்லை. மல்லி என்றோம். பூ மல்லிக்குப் புவிசார் குறியீடு கிடைக்க 2013 வரை ஆனது. எங்கள் மல்லிக்கு அம்மாவின் பூஜையறை வரைக்கும் போகும் உரிமை முதல் நாளே கிடைத்தது.

ஐந்தாம் மாதம் மல்லி கீரையை வாயில் எடுப்பதும் கீழே போடுவதுமாக இருந்தது. தாடையெல்லாம் எச்சில். கூடையில் வைத்துக் கால்நடை மருத்துவமனைக்குத் தூக்கிக்கொண்டு போனேன், அப்பாவும் கூட வந்தார். போன நேரம் மார்கழிக் கடைசி. தை பிறந்தால் அவனியாபுரம், பாலமேடு, அலங்காநல்லூர் என்று வரிசையாக வாடிவாசல் திறக்கும். அதற்கு முன் காளைகளுக்குத் தகுதிச் சான்று வாங்க வேண்டும். வளாகம் முழுக்கத் திமில்கள். நடுவில் நான், மடியில் ஒரு பிளாஸ்டிக் கூடையோடு.

பக்கத்தில் காளையைப் பிடித்துக்கொண்டு நின்ற இளைஞர் எட்டிப் பார்த்தார்.

“உள்ள என்னாண்ணே?”

“முயல்.”

“என்னா சீக்கு?”

“பல்லு வளருது.”

அவர் என்னை அனுதாபத்தோடு பார்த்தார். “வளந்தா நல்லதுதானண்ணே? எங்காளுக்குக் கொம்பு வளந்தா நாங்க எண்ணெ தடவி விடுறோம்.”

இதற்குள் அந்தக் காளையே மூக்கை நீட்டிக் கூடையை மோந்து பார்த்தது. பயந்தால் முயல் பின்னங்காலால் தரையை ஓங்கித் தட்டும். மல்லி தட்டியது. பிளாஸ்டிக் கூடையில் அது டமார் என்று கேட்டது. காளை இரண்டடி பின்வாங்கியது. அந்த வருஷம் அந்தக் காளையை முதலில் அடக்கியது எங்கள் மல்லிதான். அண்டாவோ சைக்கிளோ யாரும் கொடுக்கவில்லை.

டாக்டர் மல்லியைப் புரட்டிப் பார்த்ததும் முதலில் சொன்னது பல்லைப் பற்றி அல்ல. “இது ஆணுங்க.” சீட்டில் பெயர் ஏற்கெனவே எழுதியாகிவிட்டது. அடித்துத் திருத்த மனமில்லாமல் அப்பா, “பக்கத்துல ‘கார்ஜுனன்’னு சேத்துக்கங்க சார்” என்றார். அன்று முதல் ஆவணங்களின்படி அவன் மல்லிகார்ஜுனன்.

பிறகுதான் பல். முயலுக்கு மொத்தம் 28 பல். அத்தனையும் ஆயுசு முழுக்க வளர்ந்துகொண்டே இருக்கும். முன்பல் வாரத்துக்கு இரண்டு, மூன்று மில்லிமீட்டர். மேல்பல்லும் கீழ்ப்பல்லும் உரசித் தேய்வதாலும், நாள் முழுக்கப் புல்லை அரைப்பதாலும்தான் அது அளவோடு நிற்கிறது. மல்லிக்குப் பிறவியிலேயே தாடை பொருந்தவில்லை. உரச ஆளில்லாத பல் என்ன செய்யும்? கீழ்ப்பல் யானைத் தந்தம் மாதிரி வெளியே கிளம்பியது. மேல்பல் கிடாக் கொம்பு மாதிரி உள்ளே சுருண்டது.

“தீந்துருமா டாக்டர்?”

“தீராது. மூணு வாரத்துக்கு ஒரு தடவை ராவி விடணும்.”

வாரத்துக்கு வாரம் வளர்கிற விஷயம் என்று எனக்கு அதுவரை தெரிந்தது ஒன்றுதான்: வட்டி. இதுவும் அதே கணக்குத்தான். அசல் அப்படியே நிற்கும், நாம் வட்டியை மட்டும் கட்டிக்கொண்டிருக்கலாம். அசலை அடைக்கவும் வழி உண்டு, முன்பற்களை வேரோடு எடுத்துவிடலாம், முன்பல் இல்லாமலும் முயல் சாப்பிடப் பழகிக்கொள்ளும் என்றார் டாக்டர். ஆனால் அதற்கு மயக்க மருந்து வேண்டும், முயல் உடம்புக்கு அது கொஞ்சம் ஆபத்து. அப்பா யோசிக்கவே இல்லை. “வேணாம் சார். வட்டியே கட்டிருவோம்.”

நகவெட்டியால் நறுக்கலாமா என்று கேட்டதற்கு டாக்டர் முறைத்தார். நறுக்கினால் பல் நெடுக்காகப் பிளந்து வேர் வரை போய்விடுமாம். சுழலும் சின்ன அரத்தால்தான் ராவ வேண்டும். மல்லியைத் துண்டில் கிழி பரோட்டா மாதிரி சுற்றி, முகம் மட்டும் தெரிய நான் பிடித்துக்கொள்வேன். இரண்டு நிமிஷ வேலை. என் கடைவாய்ச் சொத்தைக்கு நாளைக்கு, நாளைக்கு என்று இரண்டு வருஷமாகத் தள்ளிக்கொண்டு வருகிறவன் நான். ஆனால் எங்கள் வீட்டு முயல் வருஷத்துக்குப் பதினேழு தடவை பல் வைத்தியம் பார்க்கிறது.

அடுத்தது சாப்பாடு. முயல் என்றால் கேரட் என்று நினைத்திருந்தேன். அந்தப் பாவம் ஹாலிவுட்டைச் சேரும். 1940-இல் திரைக்கு வந்த பக்ஸ் பன்னி கேரட்டைக் கடித்தபடி பேசுவது, 1934-இல் வந்த ஒரு படத்தில் கிளார்க் கேபிள் கேரட் மென்றபடி பேசியதைக் கிண்டல் செய்ததுதான். அமெரிக்கக் கதாநாயகர் ஒருவர் என்றோ மென்றதற்காக நான் மதுரையில் வாரம் ஒரு கிலோ கேரட் வாங்கிக்கொண்டிருந்தேன். முயலுக்கு அது மிட்டாய் மாதிரி. முக்கால் பங்குக்கு மேல் புல்தான் வேண்டும் என்றார் டாக்டர். “முயல் மசால் கெடைச்சா அதையும் போடுங்க.”

நேராக மளிகைக் கடைக்குப் போய்க் கேட்டேன்.

கடைக்காரர் அலமாரியைத் தடவினார். “மட்டன் மசால் இருக்கு, சிக்கன் மசால் இருக்கு, மீன் இருக்கு. முயலுக்குத் தனியா வர்றதில்லண்ணே. மட்டன் மசாலே போடுங்க, நல்லாத்தான் இருக்கும்.”

வேலிமசால், குதிரைமசால் மாதிரி முயல் மசால் ஒரு தீவனப் பயிர் என்பது பிறகு தெரிந்தது. கடையை மாற்றிவிட்டேன்.

புல்லுக்கு அப்பா பொறுப்பேற்றார். மாடு விற்ற இடத்துக்குத்தான் மாட்டுத்தாவணி என்று பெயர். இன்று அங்கே பஸ் நிற்கிறது, பூ விற்கிறது, புல் முளைக்க இடமில்லை. ஆனால் பூ மார்க்கெட்டில் அருகம்புல் கட்டுக் கட்டாக வரும். புதூரிலிருந்து தினம் விடியற்காலை நடந்துபோய் ஒரு கட்டு வாங்கி வருவார். இருபது வருஷமாகச் சர்க்கரை டாக்டர் நடக்கச் சொன்னபோதெல்லாம், “பஸ் ஸ்டாண்டுல முப்பது வருஷம் நடந்தாச்சு சார்” என்றவர் இவர்.

பூக்காரப் பாட்டிக்கு அப்பா மீது பெரிய மரியாதை. “நித்தமும் புள்ளையாருக்குச் சாத்துறீகளா சாமி?”

“வீட்டுல ஒருத்தர் இருக்காரும்மா. புல்லு போடாட்டிக் கோவிச்சுக்குவாரு.”

பாட்டி கொசுறாக ஒரு பிடி சேர்த்துப் போடும். அப்பா சொன்னதில் பொய்யும் இல்லை. யோசித்துப் பார்த்தால் பிள்ளையாருக்கும் மல்லிக்கும் பொருத்தம் அதிகம்: இருவருக்கும் அருகம்புல் பிடிக்கும், இருவருக்கும் பல்லில்தான் கோளாறு.

தீராத நோய் என்று தெரிந்ததும் ஊரே தீர்க்க வந்தது. மெடிக்கல் ஷாப் தம்பி அமாக்சிசிலினைக் கரைத்துக் கொடுக்கச் சொன்னார். நல்லவேளை, டாக்டரிடம் கேட்டேன். நமக்குக் காய்ச்சலுக்குக் கொடுக்கிற அந்த மருந்து வாய் வழியாகப் போனால் முயலின் குடலில் உள்ள நல்ல கிருமிகள் செத்து, கெட்டவை பெருகி, முயலே போய்ச்சேர்ந்துவிடும்.

அத்தை திருச்சியிலிருந்து போன் செய்தாள். “திருவாசிக்குக் கூட்டிட்டு வாடா. ஞானசம்பந்தர் பாடி, கொல்லி மழவன் மகளுக்கு முயலகன் நோயைத் தீத்து வச்ச தலம்.”

“அத்தை, முயலகன்கிறது வலிப்பு மாதிரி ஒரு நோய். முயலுக்கு வர்ற நோய் இல்ல. நம்ம வெள்ளியம்பலத்துல நடராசர் கால் மாத்தி ஆடுறாரே, அவர் காலடியில கிடக்கிறவனுக்கும் அதே பேருதான். அவனும் முயல் இல்ல.”

“பேருல முயல் இருக்குல்ல? அது போதும்.”

அம்மா அவ்வளவு தூரம் போகத் தயாராக இல்லை. அதே சம்பந்தர் இதே மதுரையில் பாண்டியனின் வெப்பு நோயைத் திருநீற்றால் தீர்த்திருக்கும்போது திருச்சி எதற்கு? ஒரு சிட்டிகை எடுத்து மல்லியின் நெற்றியில் பூசினாள். முயல் மூக்கால் மட்டுமே மூச்சு விடுகிற பிராணி. ஏழு தும்மல் தும்மிவிட்டுப் பீரோவுக்கு அடியில் போய்விட்டது. பாண்டியன் தும்மியதாகப் புராணத்தில் இல்லை.

எதிர்வீட்டுத் தோழரின் யோசனை வேறு. “மதுரை வெயிலு அதுக்கு ஆகாது. மன்னவனூருக்கு அனுப்பிருங்க.” கொடைக்கானல் மேல்மலையில் இருக்கும் மன்னவனூரில் மத்திய செம்மறியாடு, கம்பளி ஆராய்ச்சி நிறுவனத்தின் நிலையம் இருக்கிறது, முயலும் வளர்க்கிறார்கள். ஒயிட் ஜெயண்ட் என்று ஒரு இனம், சோவியத் சின்சில்லா என்று இன்னொன்று. 1991-இல் கலைந்துபோன சோவியத் இன்னமும் எங்கோ குட்டி போட்டுப் பெருகிக்கொண்டிருக்கிறது என்பதில் தோழருக்குத் தனி ஆறுதல். பக்கத்து வீட்டு அண்ணனுக்கு இந்த அரசியலில் எல்லாம் ஆர்வமில்லை. வாரம் ஒரு தடவை வேலிக்கு மேல் எட்டிப் பார்த்து, “இப்ப எம்புட்டுக் கிலோ தேறும்?” என்று மட்டும் கேட்பார்.

வெயில் விஷயத்தில் தோழர் சொன்னது உண்மை. முயலுக்கு வியர்க்காது, காதுதான் அதற்கு விசிறி. அக்கினி நட்சத்திரத்தில் அந்த விசிறி என்ன செய்யும்? தண்ணீர் பாட்டிலை உறையவைத்து, ஈரத்துணி சுற்றி, பக்கத்தில் வைப்போம். மல்லி அதைத் தலையணையாக்கிப் படுத்துக்கொள்ளும். அப்படி ஒரு மே மாதச் சாயங்காலம் அது சாப்பிடுவதை நிறுத்தியது. புழுக்கையும் நின்றது. பன்னிரண்டு மணி நேரம் முயல் வயிறு காலியாக இருந்தால் குடல் ஓட்டமே நின்றுவிடும். முயலால் வாந்தியும் எடுக்க முடியாது. உள்ளே போனது ஒரே வழியில்தான் வெளியே வந்தாக வேண்டும்.

விசாரணையில், காலையில் யாரோ மல்லிக்கு அரை இட்லி ஊட்டியது தெரியவந்தது. யார் என்று கேட்டபோது அப்பா விட்டத்தைப் பார்த்தார். 1859-இல் தாமஸ் ஆஸ்டின் ஆஸ்திரேலியாவுக்குக் கொண்டுவந்த 24 முயல்கள் பெருகி, ஒரு கண்டத்தின் மேய்ச்சலையே மொட்டையடித்தன. வேலி போட்டும் விஷம் வைத்தும் அரசாங்கத்தால் ஒழிக்க முடியவில்லை. அதே இனத்தின் மதுரைக் கிளை அரை இட்லியில் சாய்ந்து கிடந்தது.

அன்றிரவு டாக்டர் போனில் சொன்னபடி ஊசியில்லாத சிரிஞ்சில் மருந்தும் தண்ணீரும் கொடுத்து, வயிற்றைப் பையப் பைய நீவிவிட்டோம். அப்பா படுக்கவே இல்லை. பாண்டியன் போக்குவரத்துக் கழகத்தில் டைம் கீப்பராக இருந்தவர். வராத வண்டிக்காகக் காத்திருப்பது அவருக்குப் பழகிய வேலை. பழைய நோட்டு ஒன்றை எடுத்துக் கோடு போட்டு, நேரம் எழுதிக்கொண்டு கூண்டருகே உட்கார்ந்திருந்தார்.

விடியற்காலை 4.40-க்கு வீடே அலறி எழுந்தது. “வண்டி வந்துருச்சு! வண்டி வந்துருச்சு!”

தரையில் ஒரே ஒரு புழுக்கை. உலர்ந்த மிளகளவு. அம்மா கன்னத்தில் போட்டுக்கொண்டாள்.

அன்றிலிருந்து நோட்டு நிற்கவில்லை. நல்ல உடம்போடு இருக்கிற முயல் நாளுக்கு இருநூறு, முந்நூறு புழுக்கை போடும். அப்பா எண்ணுகிறார். என்ன தின்றது, எத்தனை மணிக்கு, முதல் டிரிப் எப்போது, மொத்தம் எத்தனை, பல் ராவி எத்தனை நாளாச்சு, எல்லாம் தேதிவாரியாக இருக்கும். ‘இட்லி: இல்லை’ என்று ஒவ்வொரு பக்கத்திலும் ஒரு வரி, சத்தியப் பிரமாணம் மாதிரி.

போன மாதம் அப்பாவைச் சர்க்கரை டாக்டரிடம் அழைத்துப் போனேன். தினமும் சாப்பிடுவதை எழுதிக்கொண்டு வாருங்கள் என்று டாக்டர் இருபது வருஷமாகக் கேட்கிறார். அப்பா இருபது வருஷமாக மறந்துவிடுகிறார். இந்த முறை கேட்டபோது, கையோடு பையிலிருந்த நோட்டைக் கூசாமல் எடுத்து மேஜைமேல் வைத்தார்.

டாக்டர் வாய்விட்டுப் படித்தார். “காலை 6.10, அருகம்புல் ஒரு கட்டு. மதியம், முள்ளங்கிக் கீரை. கேரட் இல்லை. இட்லி இல்லை. இரவு, மறுபடியும் அருகம்புல்.” கண்ணாடியைக் கழற்றினார். “ஐயா, என் சர்வீஸ்ல இப்படி ஒரு பேஷண்ட்ட நான் பாத்ததே இல்ல.”

நான் வாயைத் திறந்தேன். அப்பா மேஜைக்கு அடியில் என் காலை மிதித்தார்.

டாக்டர் பக்கத்தைப் புரட்டினார். புருவம் சுருங்கியது. “மொத்தம் 214-ன்னு போட்டிருக்கே. இது சாப்பிட்டதுக்கு அப்புறம் எடுத்ததா? கொஞ்சம் ஜாஸ்திதான்.”

“இல்ல சார்,” என்றார் அப்பா, முப்பது வருஷ அனுபவத்தின் நிதானத்தோடு. “இருநூறுக்குக் கீழ போனாத்தான் பயப்படணும்.”