தாடையில் முத்துக்குளிப்பவர்

வேம்பார்க் கரையில் நிறுத்தியிருக்கும் மோட்டார் பைக்கின் கண்ணாடி வானத்தைப் பார்த்துத் திரும்பியிருந்தால், காற்றைக் குறை சொல்லாதீர்கள். தாடைநோண்டி அண்ணன் அந்தப் பக்கம் வந்துபோயிருக்கிறார். வண்டி யாருடையது என்பது அவருக்குப் பொருட்டல்ல. கழுத்தை நீட்டி, மோவாய்க்கு அடியில் விரலால் தடவித் தேடுவார். கட்டி ஒன்று தட்டுப்பட்டதும் முகம் மலர்ந்துவிடும்.

இவரை எல்லா ஊரிலும் பார்க்கலாம். ஆனால் வேம்பாரில் இவருக்குப் பரம்பரை உரிமை உண்டு. முத்துக்குளித்துறையின் ஏழு பெரிய ஊர்களில் வடகோடி ஊர் இது. 1961-க்குப் பிறகு இந்தக் கடலில் அரசு முத்துக்குளிப்பு நடக்கவில்லை. அந்தக் குறையை அண்ணன் தன் தாடையில் தீர்த்துக்கொள்கிறார். ஒரு வகையில் நியாயம்தான். சிப்பிக்குள் வேற்றுப் பொருள் புகுந்தால் முத்து விளைகிறது. நம் தோலுக்குள் நம் முடியே திரும்பிப் புகுந்தாலும் உடம்பு அதை வேற்றாளாக எண்ணிச் சண்டைக்குப் போகிறது. விளைவதுதான் வேறு: சீழ்.

விதைப்பது சனிக்கிழமை இரவு. ஞாயிறு கடலுக்குப் போவதில்லை. பூசைக்கு முகம் பளபளக்க வேண்டும். ஆறு நாள் தாடியை, தண்ணீர்கூடத் தொடாமல், கன்னத்தை இழுத்துப் பிடித்துக்கொண்டு, கீழிருந்து மேலாக எதிர்ப்போக்கில் வழிப்பார். அதுவும் மூன்று பிளேடு ரேசரில். ஒரு பிளேடு முடியைத் தூக்கிக் கொடுக்க, அடுத்தது தோல்மட்டத்துக்கும் கீழே வெட்டும். வெட்டுப்பட்ட நுனி கூராகிவிடும். அண்ணனுக்குச் சுருட்டை முடி வேறு. முளைப்பது நேரே வராமல் வளைந்து, தோலுக்குள்ளேயே குத்திக்கொள்ளும்.

செவ்வாய்க்கிழமை அறுவடை. மனைவியின் கொண்டை ஊசி, சட்டை ஊக்கு, வேறு எதுவும் கிடைக்காத நாளில் தூண்டில் முள்.

“ஏலே, சீலா மீனையே இழுக்குற முள்ளு, ஒத்த முடிய இழுக்காதாக்கும்?”

இழுத்தது. முடியோடு தோலும் வந்தது.

பிறகு வைத்தியம். சுண்ணாம்பு, பற்பசை, படிகாரம், கோடையில் நுங்குத் தண்ணீர். நுங்கு குளிர்ச்சிதான், புதைந்த முடியை வெளியே கூப்பிட அதற்குத் தெரியாது. மருந்துக்கடையில் சீட்டில்லாமல் கேட்டு வாங்கிய ஸ்டீராய்டு களிம்பு இன்னும் மோசம். சிவப்பு அடங்கும், தொடர்ந்து தடவினால் தோல் மெலிந்துபோகும்.

சலூன்காரர் ஒருநாள் சொல்லிப் பார்த்தார்: “அண்ணே, ஒரு மாசம் வழிக்காம விடுங்க. முடி நீண்டா தானா வெளிய வந்துரும்.”

“தாடி விட்டா வீட்ல என்ன துட்டின்னு கேப்பானுவ!”

வேடிக்கை என்னவென்றால், தருவைகுளத்திலிருந்து தங்குகடலுக்குப் போகும் இவருடைய மச்சான், நாள்கணக்கில் ரேசரைத் தொடாமல், முகத்தில் ஒரு கட்டியுமின்றிக் கரையேறுவார். “அவனுக்கு உப்புக்காத்து ஒத்துக்கிடுது” என்று தீர்ப்பளித்த அண்ணன், அந்த வாரம் வழித்த கையோடு கடல் தண்ணீரில் முகம் கழுவினார். அலறல் பனங்காடு வரை கேட்டதாகச் சொல்கிறார்கள். நான் நம்புகிறேன்.

உங்களுக்கும் இந்தத் தொழில் இருந்தால், முதலில் வெந்நீரில் தாடியை ஊறவிடுங்கள். முடி போகும் திசையிலேயே, தோலை இழுக்காமல், புது பிளேடால் வழியுங்கள். ஒரு மில்லிமீட்டர் விட்டு டிரிம்மர் ஓட்டினால் இன்னும் நல்லது. பூசைக்கு அதுவே தாராளம். முடி வளையமாக மேலே தெரிந்தால், சுத்தப்படுத்திய ஊசியால் நுனியை மட்டும் விடுவியுங்கள். வேரோடு பிடுங்கினால் புதிதாக முளைப்பது மறுபடி உள்ளேயே சிக்கக்கூடும். வீக்கம் பரவினாலோ, காய்ச்சல் வந்தாலோ, சர்க்கரை நோய் இருந்தாலோ தாமதிக்காமல் தோல் மருத்துவரைப் பாருங்கள். போகும்போது ஊக்கை வீட்டிலேயே வைத்துவிட்டுப் போங்கள்.