கிறீச்சியல்: பழைய ஜீப்பின் பட்டைச் சத்தம் குறித்த ஓர் ஆராய்ச்சி

தொல்காப்பிய எழுத்ததிகாரத்தில் பிறப்பியல் என்றோர் இயல் உண்டு. கொப்பூழிலிருந்து கிளம்பும் காற்று எட்டு இடங்களில் தங்கியும் பட்டும் எழுத்தொலியாவதை அது விளக்கும். பழைய ஃபோர் வீல் ஜீப்பின் அடிவயிற்றில் பிறக்கும் ஒலிகளுக்கு இத்தகைய இயல் ஒன்று வகுக்கப்படாதது பெருங்குறை. கேரளத்துச் சூரியநெல்லியிலிருந்து தேனி மாவட்டத்துக் கொழுக்குமலைக்கு ஜீப்பில், அதுவும் பின்சீட்டில், ஏறியவர்கள் இதை மறுக்கமாட்டார்கள்.

ஆய்வுக்குரியவை நான்கு சக்கரத்திலும் பட்டை ஸ்பிரிங் கொண்ட வண்டிகள் மட்டுமே: 1941-இன் வில்லிஸ் எம்.பி., அதன் வழிவந்த மகிந்திரா எம்.எம். 540, 1985-இல் வந்த மாருதி ஜிப்சி முதலியன. முன்னால் காயிலும் பின்னால் பட்டையும் வைத்தவை கலப்பு வழக்கு என்பதால் விலக்கப்பட்டன. பட்டை ஸ்பிரிங்கோ மோட்டாருக்கு மூத்தது. வண்டிகளுக்கான நீள்வட்டப் பட்டை ஸ்பிரிங்குக்கு இங்கிலாந்தின் ஓபதையா எலியட் 1804-இல் காப்புரிமை பெற்றார். குதிரைகளின் கருத்து பதிவாகவில்லை.

ஒலி பிறக்கும் இடங்கள் இங்கும் எட்டே. பட்டை நுனிகள், மெயின் பட்டையின் கண்ணுக்குள் இருக்கும் புஷ், சாக்கிள், பட்டைகளைச் சேர்த்துப் பிடிக்கும் கிளிப், சென்டர் போல்ட், ஆக்சிலோடு இறுக்கும் யூ போல்ட், ஷாக் அப்சார்பர் புஷ் என ஏழு. எட்டாவது, பின்சீட்டுக்கு அடியில் கட்டாமல் கிடக்கும் ஜாக்கி. இந்த எட்டாவதைக் கண்டுபிடிப்பதற்குள் முதல் ஏழையும் காசு கொடுத்து மாற்றிவிடுவது தொன்றுதொட்டு வரும் மரபு.

இவற்றுள் பட்டை நுனியின் 'கிறீச்' தனித்து ஆராயத்தக்கது. சக்கரம் பள்ளத்தில் இறங்கி ஏறும்போது பட்டைகள் ஒன்றன்மேல் ஒன்று வழுக்கியாக வேண்டும். துருவும் மண்ணும் ஏறிய பட்டை எளிதில் வழுக்காது. சற்றே பிடித்து நிற்கும், சட்டென்று விடும், மறுபடியும் பிடிக்கும். ஒரு நொடிக்குள் பலமுறை நிகழும் இந்தப் பிடிவாதமே காதில் கிறீச்சாக விழுகிறது. வயலின் கம்பியின்மேல் வில் செய்வதும் இதைத்தான். ஜீப்புக்குப் பிசின் செலவு இல்லை. இதே உராய்வுதான் வண்டியின் துள்ளலையும் ஓரளவு அடக்குகிறது. ஆகவே கிறீச் கேட்டால் பட்டை வேலை செய்கிறது என்று பொருள் என்பார்கள் மூத்த ஓட்டுநர்கள். அதில் பாதி இயற்பியல், மீதி வண்டிக்கு அடியில் படுக்கச் சோம்பல்.

பரிகாரத்தில் மூன்று கட்சிகள். கழிவு ஆயில் கட்சியார் என்ஜினிலிருந்து வடித்த கறுப்பு ஆயிலை அடிப்பகுதி முழுக்கப் பீய்ச்சிவிடுவார்கள். அன்று மாலை வண்டி அன்னம்போல் போகும். பிறகு ஆயிலில் புழுதி ஒட்டி, பட்டையை அரைக்கும் சாந்தாகிவிடும். ரப்பர் புஷ் அந்த எண்ணெயைக் குடித்து உப்பி இளகும். போன சத்தம் துணையோடு திரும்பி வரும். கிராஃபைட் கிரீஸ் கட்சியார் சேஸிஸுக்கு உறுதியான ஸ்டாண்டு கொடுத்து, ஆக்சிலைத் தொங்கவிட்டு, பளு நீங்கிய பட்டைகளை உளியால் விலக்கி, கம்பி பிரஷ்ஷால் துருவைச் சுரண்டிவிட்டு உள்ளே கிரீஸைத் திணிப்பார்கள். இதுவே சரியான முறை, இடுப்பு இருப்பவர்களுக்கு. மூன்றாவது, விளக்கெண்ணெய்க் கட்சி. சிரிக்க வேண்டாம். இயற்கை ரப்பர் வாஷர் இருந்த காலத்தில் பிரேக் ஆயிலிலேயே விளக்கெண்ணெய் கலந்தார்கள். அந்த ரப்பரை அது கெடுப்பதில்லை. நாளானால் பிசுபிசுக்கும் என்பதே அக்கட்சியின் பலவீனம்.

வல்லின ஓசை ஒன்று உண்டு. வண்டியை எடுக்கும்போதும் பிரேக் மிதிக்கும்போதும் ஒரே ஒரு 'டொக்'. யூ போல்ட் தளர்ந்திருக்கலாம். அப்படியே ஓட்டினால் சென்டர் போல்ட் அறுந்து, ஆக்சில் இடம் பெயரும். இந்த இடத்தில் வாசகர் கட்டுரையை மூடிவிட்டு ஸ்பேனரை எடுப்பது நலம்.

எஞ்சிய ஒலிகளுக்குப் பிறப்பிடம் காண எளிய சோதனை இருக்கிறது. சமதளத்தில் சக்கரங்களுக்குக் கட்டை கொடுத்து நிறுத்தி, ஒருவர் பம்பர்மேல் ஏறிக் குதிக்க வேண்டும். இன்னொருவர் பக்கவாட்டில் குனிந்து, ஒவ்வொரு மூட்டிலும் தண்ணீர் ஊற்றிக்கொண்டே வர வேண்டும். எந்த மூட்டு நனைந்ததும் சத்தம் அடங்குகிறதோ அதுவே குற்றவாளி. தண்ணீர் ரப்பரையும் கெடுக்காது. குதிப்பவர் கனத்த உடம்புக்காரராக இருக்க வேண்டும் என்பதில் எல்லாக் கட்சியும் உடன்படுகிறது. கூடியிருப்பவர்களில் அந்தத் தகுதி யாருக்கு என்று கேட்டதும்தான் ஆய்வு பெரும்பாலும் நின்றுபோகிறது.